எங்க வச்சிருக்காங்க?

மாமா பிடிபட்ட செய்தி எங்களுக்கு ஒரு போட்டோவாகத்தான் வந்தது. விசைப்படகின் தளத்தில் ஒன்பது பேர் குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறார்கள். யாரோ யாருக்கோ அனுப்பி, பல கை மாறி என் போனுக்கு வந்து சேர்ந்தபோது படம் மங்கிப்போயிருந்தது. ஒரு முகமும் அடையாளம் தெரியவில்லை. அத்தை போனை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள். "இது உங்க மாமாதான். கிழிஞ்ச காலர நான்தான் தச்சுக் கொடுத்தேன்" என்றாள். அழவில்லை. "எங்க வச்சிருக்காங்கன்னு மட்டும் கேளு தம்பி" என்றாள்.

அந்த ஒரு கேள்விக்குப் பதில் கிடைக்க ஐந்து நாள் ஆனது. ஏன் ஐந்து நாள் என்று யோசிக்கப் போய்த்தான் எங்கள் ஊரின் வரலாற்றை நான் ஒழுங்காகப் படித்தேன்.

காரைக்காலை மேப்பில் தேடினால் சின்னத் துண்டாகத் தெரியும். வடக்கே நண்டலாற்றைத் தாண்டினால் தமிழ்நாடு, தெற்கே வாஞ்சூரைத் தாண்டினால் தமிழ்நாடு, மேற்கேயும் தமிழ்நாடு. கிழக்கே மட்டும் கடல். 1739இல் பிரெஞ்சுக்காரர்கள் வந்தார்கள். ஆட்சி இந்தியாவின் கைக்கு மாறியது 1954 நவம்பர் 1 அன்று. சட்டப்படி இணைந்தது 1962 ஆகஸ்ட் 16 அன்று. வெளியூர் நண்பர்களுக்கு இந்த எல்லை என்றால் சாராயம் ஞாபகம் வரும். எங்களுக்கு அது ரேஷன் கார்டு, ஆதார், படகின் பதிவெண். மீன்பிடிக்கிற சாதிசனமும் சொந்தபந்தமும் எல்லைக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான். பெண் எடுப்பதும் கொடுப்பதும் அப்படித்தான். ஆனால் காகிதம் வேறு.

மாமா அந்த சீசனில் நாகப்பட்டினத்துப் படகு ஒன்றில் தொழிலுக்குப் போயிருந்தார். படகு தமிழ்நாடு. ஆள் புதுச்சேரி. நானும் அத்தையும் ஒரு அலுவலகத்தில் போய் நின்றோம். "போட்டு அந்தப் பக்கத்து போட்டு, லிஸ்ட்டு அங்கதான் வந்திருக்கும்" என்றார்கள். அங்கே போனோம். "அட்ரஸ் காரைக்கால்னு இருக்கே, உங்க ஆளுங்கள்ட்ட கேளுங்க" என்றார்கள். மூன்றாம் நாள் ஒரு பட்டியல் கண்ணில் பட்டது. அதில் எட்டுப் பெயர்கள் சரியாக இருந்தன. ஒன்பதாவது பெயர் எங்கள் ஊரில் யாருக்குமே இல்லாத பெயர். மாமாவின் பெயர் தமிழிலிருந்து சிங்களத்துக்கும் அங்கிருந்து ஆங்கிலத்துக்கும் போய்த் திரும்பியதில் வேறொரு மனிதராகிவிட்டிருந்தார். இரண்டு அரசாங்கத்துக்கு நடுவே, ஒரு எழுத்துப் பிழைக்குள்ளே அவரைத் தேட வேண்டியிருந்தது.

இந்த எல்லையில் இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. வெள்ளைக்கார போலீஸிடமிருந்து தப்பப் பிரெஞ்சுப் பகுதி ஒரு காலத்தில் மறைவிடமாக இருந்தது. பாரதியார் 1908இல் புதுச்சேரிக்குப் போய்ப் பத்து வருஷம் இருந்தார். 1918 நவம்பரில் எல்லையைக் கடந்து பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் வந்ததும் கைதுசெய்யப்பட்டு, கடலூர்ச் சிறையில் சுமார் மூன்று வாரம் இருந்தார். ஒரு கோட்டுக்கு இந்தப் பக்கம் சுதந்திர மனிதன், அந்தப் பக்கம் கைதி. எங்கள் ஆட்களுக்கு அந்தக் கோடு இப்போது தண்ணீரில் இருக்கிறது.

அந்தக் கோடு 1974 ஜூனில் போடப்பட்டது. கச்சத்தீவு இலங்கைப் பக்கம் போனது அந்த ஒப்பந்தத்தில்தான். 1976 மார்ச் 23 அன்று மன்னார் வளைகுடாவுக்கும் வங்காள விரிகுடாவுக்கும் எல்லை வகுத்தார்கள். அதே நாளில் இரு நாட்டு அதிகாரிகளும் பரிமாறிக்கொண்ட கடிதங்கள், ஒருவர் கடலில் மற்றவர் அனுமதியின்றி மீன்பிடிக்கக் கூடாது என்றன. எங்கள் பக்கத்தில் இழுவை மடி விசைப்படகுகள் அதற்கு முன்பே பெருகத் தொடங்கியிருந்தன. 1983இல் போர் தொடங்கி இலங்கையின் வடக்குக் கடலில் அங்குள்ள மீனவர்களே தொழில் செய்ய முடியாமல் போனபோது, எங்கள் படகுகள் அங்கே போய்ப் பழகின. சுடப்பட்டும் செத்தார்கள். 2009இல் போர் முடிந்தது. யாழ்ப்பாணத்து மீனவர் தன் கடலுக்குத் திரும்பி வந்து பார்த்தால், இரவில் எங்கள் மடி அவருடைய வலையை அறுத்துக்கொண்டு போகிறது. இழுவை மடித் தொழிலை இலங்கை 2017இல் சட்டம் போட்டுத் தடைசெய்தது. வெளிநாட்டுப் படகுகளைப் பற்றிய 1979ஆம் ஆண்டுச் சட்டத்தை 2018இல் திருத்தி, அபராதத்தைக் கோடிக்கணக்கில் ஏற்றியது. 2024 பிப்ரவரியில் படகோட்டிகளுக்கு ஆறு மாதச் சிறை விதிக்கப்பட, ராமேஸ்வரத்துக்காரர்கள் அந்த வருஷம் கச்சத்தீவுத் திருவிழாவுக்கே போகவில்லை. 2025 ஜனவரி 28 அன்று நெடுந்தீவு அருகே நடந்த துப்பாக்கிச் சூட்டில் காரைக்கால் படகில் இருந்தவர்கள் காயப்பட்டு யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள்.

மாமா போன படகு கோட்டைத் தாண்டியதா? தாண்டியது. அதை மறைத்து எழுத எனக்கு மனசில்லை. ஆனால் தப்பு செய்தவனின் பெண்டாட்டிக்கும் அவன் எங்கே இருக்கிறான் என்று தெரிய வேண்டும்.

1976 மார்ச் என்றதும் எனக்கு இன்னொன்று ஞாபகம் வருகிறது. அந்த மாதம் முதல் தேதி, எமர்ஜென்சிக் காலத்தில், கோழிக்கோட்டில் பொறியியல் மாணவர் ராஜனைப் போலீஸ் பிடித்துப் போனது. அப்பா ஈச்சரவாரியர் முகாம் முகாமாக, அமைச்சர் அமைச்சராக அலைந்தார். எமர்ஜென்சி முடிந்து 1977இல் கேரள உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்ட பிறகுதான் மகன் போலீஸ் காவலில் செத்துப்போனதே தெரிந்தது. உடல் கிடைக்கவே இல்லை. இருபது வருஷம் கழித்து, 1996 டிசம்பரில் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சில விதிகளை வகுத்தது. கைது செய்தால் குறிப்பு எழுத வேண்டும், நேரமும் தேதியும் அதில் இருக்க வேண்டும், உறவினர் ஒருவருக்கோ நண்பருக்கோ எந்த இடத்தில் வைத்திருக்கிறார்கள் என்று சொல்ல வேண்டும். படிக்கும்போது சாதாரண விஷயமாகத் தெரியும். ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் ஒரு வீட்டு வாசலில் யாரோ காத்துக்கிடந்திருக்கிறார்கள்.

வேறு நாட்டில் பிடிபட்டால் 1963ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 36ஆவது பிரிவு இருக்கிறது. கைதி கேட்டால் அவருடைய நாட்டுத் தூதரகத்துக்குத் தாமதமின்றித் தகவல் சொல்ல வேண்டும். தூதரக அதிகாரி சிறைக்குப் போய்ப் பார்க்கலாம், வக்கீல் வைக்க உதவலாம். 2019இல் குல்பூஷண் ஜாதவ் வழக்கில் பாகிஸ்தான் இதை மீறியது என்று சர்வதேச நீதிமன்றம் சொன்னது. எதிரெதிரே நிற்கிற இந்தியாவும் பாகிஸ்தானும்கூட, 2008ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி, வருஷத்துக்கு இரண்டு முறை, ஜனவரி 1, ஜூலை 1 தேதிகளில், சிறையில் இருக்கும் மற்ற நாட்டவரின் பட்டியலைப் பரிமாறிக்கொள்கின்றன. குஜராத் மீனவர்களின் பெயர்களும் அதில் வரும். பட்டியலில் பெயர் இருந்தால் ஆள் காணாமல் போக முடியாது. ஒரு பட்டியல் அவ்வளவு பெரிய விஷயம்.

ஐந்தாம் நாள், ஊர்ப் பஞ்சாயத்தார் ஒருவர் மூலமாக யாழ்ப்பாணத்தில் ஒரு வக்கீலின் நம்பர் கிடைத்தது. மாமாவின் பெயரோடு அவர் அப்பா பெயரையும், ஊரையும், வலது புருவத்துத் தழும்பையும் சொன்னேன். சாயங்காலம் அவரே கூப்பிட்டார். "யாழ்ப்பாணச் சிறையில இருக்கிறார். பருத்தித்துறைக் கோர்ட்டில பதினாலு நாள் விளக்கமறியல். சுகமா இருக்கிறார் எண்டு அவ மனிசிக்குச் சொல்லுங்கோ."

அத்தைக்கு ஒன்றும் புரியவில்லை. "மறியலா? இந்த மனுசன் அங்கப் போயி ரோட்டுல உக்காந்தாரா?" என்றாள். அங்கே மறியல் என்றால் சிறை, விளக்கமறியல் என்றால் விசாரணைக் காவல் என்று விளக்கினேன். ஐந்து நாளில் அன்றுதான் அத்தை சிரித்தாள். அப்புறம் அழுதாள்.

இடம் தெரிந்த பிறகு வேலை சுலபமானது என்று சொல்ல மாட்டேன், ஆனால் வேலை என்று ஒன்று இருந்தது. சரியான பெயரோடு, ஆதார், மீனவர் அடையாள அட்டை, பேங்க் பாஸ்புக் நகல்களை வைத்து இரண்டு பக்கத்துக்கும் மனு கொடுத்தோம். யாழ்ப்பாணத்தில் 2010இலிருந்து இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது. அங்கிருந்து ஒரு அதிகாரி சிறைக்குப் போனார். மாமாவுக்குச் சர்க்கரை வியாதி, மாத்திரையின் பெயரை எழுதி வக்கீலுக்கு அனுப்பினோம். இரண்டாம் வாய்தாவில் ஒத்திவைக்கப்பட்ட தண்டனையோடு விடுதலை. படகு அங்கேயே நின்றுவிட்டது.

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு பஸ்ஸில் கொண்டுபோய், விமானத்தில் சென்னைக்கு அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்த இரவு மாமா அதிகம் பேசவில்லை. ஒன்று மட்டும் சொன்னார். பஸ் கிளிநொச்சியில் கந்தசாமி கோயில் பக்கம் போகும்போது, ரோட்டோரக் கொட்டகையில் வயசான பொம்பளைகள் போட்டோக்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களாம். போரில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டு 2017 பிப்ரவரியிலிருந்து உட்கார்ந்திருக்கிறவர்கள் அவர்கள். "ஒரு கெழவி என்னையே பாத்துச்சு. சன்னல் வழியா நம்ம மூஞ்சியிலயும் தேடுதோன்னு இருந்துச்சு" என்றார்.

அத்தை சாப்பாட்டுத் தட்டை எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றாள். "நமக்கு அஞ்சு நாளு. அதுங்களுக்கு எத்தன வருசம்" என்றாள்.

மாமா இப்போது தூரக்கடலுக்குப் போவதில்லை. அத்தையிடம் ஒரு பிளாஸ்டிக் ஃபைல் இருக்கிறது. நகல்கள், வக்கீல் நம்பர், மனுவின் மாதிரி, எல்லாம் அதில். தெருவில் எந்த வீட்டு ஆள் பிடிபட்டாலும் முதலில் போய் நிற்பது அவள்தான். அழுகிறவர்களைத் தேற்றுவதற்கு முன், ஒரு தாளை நீட்டி, "பேர எழுத்துக்கூட்டிச் சொல்லு, அவங்க அப்பா பேரும் சொல்லு" என்பாள்.