வீசா இல்லாமல் நாகூர் போன காலமும், வீசா வந்த கதையும்



ஜமாதுல் ஆகிர் பிறை பிறந்தால் நமது கடற்கரைப் பள்ளியில் கொடி ஏறும். அதே பிறையில்தான் கடலுக்கு அப்பால் நாகூரிலும் கொடி ஏறுகிறது. கொடியேற்றம் பற்றி மார்க்க அடிப்படையில் நமக்குள் கருத்து வேறுபாடு உண்டு. அதை உலமாக்களிடம் விடுவோம். நாம் பேச வந்தது வேறு விடயம். இரண்டு நாடுகளில் உள்ள இரண்டு ஊர்கள் ஒரே பெரியாரின் பெயரில், ஒரே பிறையில் கொடி ஏற்றுகின்றன என்றால், இடையில் மனிதர்கள் காலங்காலமாகப் போய் வந்திருக்க வேண்டும். அந்த வழி எப்படித் திறந்திருந்தது, எப்போது அடைபட்டது, இன்று எவ்வளவு திறந்திருக்கிறது? பிள்ளைகளின் பாடப் புத்தகத்தில் இது இல்லாததால் இங்கே எழுதுகிறோம்.

காயல்பட்டினம், கீழக்கரை மரைக்காயர்களுக்கு இந்தக் கடல் வீட்டு முற்றம் போல. மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அக்கரையில் பிறந்தவர். இக்கரையிலும் மார்க்கப் பணி செய்தவர். நம் நாட்டு ஆலிம்கள் பலரின் பெயருக்குப் பின்னால் 'பாகவி' என்று வருவது வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்தில் ஓதியதால்தான். அன்று ஓதப் போனவர்கள் வீசாவுக்காகக் காத்து நிற்கவில்லை.

1914 பெப்ரவரியில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது. 'போட் மெயில்' என்பது இதுதான். சென்னையில் எடுத்த ஒரே டிக்கெட்டில் ரயில், கப்பல், மீண்டும் ரயில் என்று கொழும்பு வரை வரலாம். 1928இல் மட்டக்களப்புக்கும் ரயில் வந்தது. அதன்பின் நமது பகுதியிலிருந்து போகிறவர் மட்டக்களப்பில் ஏறி, மாஹோவில் மாறி, மதவாச்சி வழியாகத் தலைமன்னாரை அடையலாம்.

ஆனால் அதைப் பொற்காலம் என்று சொல்லிவிட முடியாது. தோட்ட வேலைக்கு வந்த ஏழைத் தொழிலாளரை மண்டபம் முகாமில் நாட்கணக்கில் தடுத்து வைத்து, நோய் இல்லை என்று கண்ட பிறகே கப்பலேற்றினார்கள். வீசா இல்லாத காலத்திலும் பணம் உள்ளவருக்கு ஒரு வழி, இல்லாதவருக்கு வேறு வழி.

சுதந்திரம் வந்ததும் கதை மாறியது. 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டமும், அதே ஆண்டின் 20ஆம் இலக்கக் குடிவருவோர் குடியகல்வோர் சட்டமும் வந்தன. இரண்டாவது சட்டம் 1949 நவம்பர் 1இல் நடைமுறைக்கு வந்தது. அன்றுதான் இன்றைய குடிவரவு குடியகல்வுத் திணைக்களமும் தொடங்கியது. மலையகத் தொழிலாளரை மனதில் வைத்து இழுத்த கோடு என்றாலும், அது எல்லோர் மேலும் விழுந்தது. குடிசன மதிப்பீட்டில் 'இந்தியச் சோனகர்' என்று தனியாக எழுதப்பட்ட அக்கரை முஸ்லிம் வியாபாரிகளும் அந்நியரானார்கள். தலைமுறையாகக் கடை நடத்தியவர்கள் தற்காலிக வதிவிட அனுமதிப் பத்திரத்தைப் புதுப்பித்துப் புதுப்பித்து இருக்க வேண்டியதாயிற்று.

உலகமெங்கும் இதே கதைதான். முதலாம் உலகப் போருக்கு முன் ஐரோப்பாவின் பல நாடுகளுக்குக் கடவுச்சீட்டே இல்லாமல் போகலாம். போர்க்காலத்தில் வந்த கட்டுப்பாடு பிறகு நிலைத்துவிட்டது. ஒரே நாடாக இருந்த இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் இடையே 1952 ஒக்டோபரில் கடவுச்சீட்டும் வீசாவும் கட்டாயமாயின.

சட்டத்தோடு ஒரு வசைச்சொல்லும் பரவியது: 'கள்ளத்தோணி'. 1952இல் 'ஒப்பரேஷன் மொன்டி' என்று இராணுவமே கரையோரத்தில் காவலுக்கு நின்றது. நேற்றுவரை பயணியாக இருந்தவர் கடதாசி இல்லாததால் குற்றவாளியானார்.

1964 ஒக்டோபர் 30இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. அதன்படி 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று முடிவானது. அதே ஆண்டு டிசம்பரில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. இராமேஸ்வரத்திலிருந்து கப்பல் தொடர்ந்து ஓடினாலும், எண்பதுகளில் யுத்தம் அதையும் நிறுத்தியது. 1992இல் சார்க் அமைப்பு வீசா விலக்குத் திட்டம் கொண்டு வந்தது. நீதிபதிகள், பாராளுமன்ற உறுப்பினர்கள், உயர் அதிகாரிகள் போன்றோருக்கு ஒட்டுச்சீட்டு கிடைத்தது. பட்டியலில் 24 வகையினர் இருக்கிறார்கள். மருந்தெடுக்கப் போகும் நோயாளி அதில் இல்லை.

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய ஒரு சொல் வருகிறது: பரஸ்பரம். நீ என் மக்களுக்குத் தருவதை நான் உன் மக்களுக்குத் தருவேன் என்பது. 2012 ஜனவரி 1 முதல் இலங்கை ஈடிஏ என்ற இலத்திரனியல் பயண அனுமதியைக் கட்டாயமாக்கியது. அதுவரை இந்தியர் உட்பட 78 நாட்டவர் இங்கு வந்திறங்கியே வீசா பெற முடிந்தது. புதிய முறையில் விலக்குப் பெற்றவை சிங்கப்பூரும் மாலைதீவும், பின்னர் சீஷெல்ஸ். காரணம், அந்த நாடுகள் நமக்கும் அப்படியே கதவு திறக்கின்றன.

இந்தியா நமக்குத் திறந்தது 2015 ஏப்ரல் 14இல். அன்றுதான் இலங்கையர் இணையத்தில் விண்ணப்பிக்கும் முறை தொடங்கியது. அதற்கு முன் இரவு பஸ்ஸில் கொழும்பு போய் வரிசையில் நின்ற அனுபவம் ஊரில் பலருக்கு உண்டு. 2019இல் ஐந்து வருடத்துக்குப் பல தடவை போய்வரக்கூடிய இலத்திரனியல் சுற்றுலா வீசாவும் வந்தது. ஒன்றை மட்டும் ஊரவர்கள் மனதில் வைக்க வேண்டும். ஐந்து வருடம் என்பது வீசா செல்லுபடியாகும் காலம். ஒவ்வொரு தடவையும் தங்கக்கூடிய நாட்களுக்கு வேறு எல்லை உண்டு. சுற்றுலா வீசாவில் போய் வியாபாரம் செய்யவோ மத்ரஸாவில் சேர்ந்து ஓதவோ முடியாது. சிகிச்சைக்குத் தனி வீசா இருக்கிறது.

2023 ஒக்டோபர் 14இல் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் கப்பல் தொடங்கியது. நின்றுபோய் 2024 ஓகஸ்டில் மீண்டும் ஓடியது. நாகப்பட்டினத்தில் இறங்கினால் நாகூர் சில கிலோமீற்றர்தான். மறுபடியும் கடல்வழி கிடைத்தது, ஆனால் கையில் கடவுச்சீட்டோடும் வீசாவோடும்.

2023இல் இந்தியா, சீனா, ரஷ்யா, ஜப்பான், இந்தோனேசியா, மலேசியா, தாய்லாந்து ஆகிய ஏழு நாட்டவருக்கு இலங்கை இலவச வீசா அறிவித்தது. நாட்டுக்கு டொலர் வேண்டும். பொத்துவில் அறுகம்பேயில் நம்மவர்களின் கடைகளுக்கும் அதில் பயன் உண்டு. குறை சொல்ல வரவில்லை. ஆனால் அந்த அறிவிப்பு ஒரு பக்கத்துக் கதவை மட்டுமே திறந்தது. வருகிறவருக்கு இலவசம் கொடுக்கும்போது, போகிற நம் மக்களுக்காக என்ன கேட்கப்பட்டது என்று நாம் கேட்க வேண்டும். நோயாளிக்கும், ஓதப் போகும் பிள்ளைக்கும், அக்கரையில் உறவுள்ளவருக்கும் நீண்டகால, பல தடவை வீசா இலகுவாகக் கிடைக்க வேண்டும் என்று நமது பாராளுமன்ற உறுப்பினர்களிடம் பேசலாம். எழுதிய கோட்டைச் சட்டத்தாலேயே தளர்த்தவும் முடியும்.

வீடுகளில் வாப்பா, மூத்தவாப்பா காலத்துப் பழைய கடவுச்சீட்டுகள், கப்பல் டிக்கெட்டுகள் இருந்தால் வீசி எறிந்துவிடாதீர்கள். அவை நமதூரின் வரலாறு. தெரிந்த மூத்தவர்களிடம் கேட்டு, தலைமன்னார் வழியாகப் போன கதைகளைக் கீழே எழுதுங்கள். நமது மாணவர்கள் வாசிக்கட்டும்.