காய்ச்சலும் பாய்ச்சலும்: கடலூர் வயல்களில் ஒரு மூளைக்காய்ச்சலின் கதை

ஐப்பசி மாசத்துல சென்னையில இருந்து சிதம்பரத்துக்கு பஸ்ல போயிருக்கீங்களா? கடலூர் தாண்டினதும் ரெண்டு பக்கமும் சம்பா வயல், முழுக்கத் தண்ணி, நடுவுல மடையானும் உண்ணிக்கொக்கும் நின்னுக்கிட்டு இருக்கும். போனை எடுத்து ஒரு போட்டோ எடுக்காம யாரும் வரமாட்டோம். அந்த ஒரே போட்டோவுல ஒரு வைரஸ் வாழத் தேவையான பெரும்பாலான விஷயங்கள் இருக்கு. இன்னைக்கு எபிசோடு அந்த வைரஸைப் பத்தி: ஜப்பானிய மூளைக்காய்ச்சல், சுருக்கமா ஜே.இ.

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கலாம். நம்ம வீடுகள்ல 'மூளைக்காய்ச்சல்'னு ஒரே பேர்ல சொல்றது ரெண்டு வேற நோய்களை. மூளையையும் தண்டுவடத்தையும் சுத்தியிருக்கிற உறை வீங்கினா அது மெனிஞ்சைட்டிஸ். மூளையே வீங்கினா அது என்செஃபலைட்டிஸ். ஜே.இ. ரெண்டாவது வகை.

ஏன் ஜப்பான் பேர்? 1924-ல அங்கே 6,000 பேருக்கு மேல இந்த நோய் வந்தது. 1935-ல ஒரு நோயாளியோட மூளைத் திசுவுல இருந்து வைரஸைப் பிரிச்சு எடுத்தாங்க. பேர் அப்படியே ஒட்டிக்கிச்சு. ஆனா இந்தியாவுல இதோட கதை தொடங்குறது தமிழ்நாட்டுல.

1952-ல புனேயில் வைரஸ் ஆராய்ச்சி மையம் ஆரம்பிச்சாங்க. ஐ.சி.எம்.ஆரும் அமெரிக்காவோட ராக்ஃபெல்லர் அறக்கட்டளையும் சேர்ந்து நடத்தின மையம் அது. 1955-ல வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்குக் காய்ச்சல், வலிப்பு, நினைவு தப்புதல்னு குழந்தைகள் வந்தாங்க. அப்போதான் இந்தியாவுல முதல்முறையா நோயாளிகள்கிட்ட ஜே.இ. உறுதியாச்சு. அடுத்து அதே வட ஆற்காடு பகுதியில பிடிச்ச க்யூலெக்ஸ் கொசுக்கள்லயும் வைரஸ் கிடைச்சது.

அதுக்கு முன்னாடி இந்த நோய் இங்கே இல்லைன்னு அர்த்தம் இல்லை. பேர்தான் இல்லை. ரெண்டு நாள் காய்ச்சல், அப்புறம் வலிப்பு, அப்புறம் ஆளை அடையாளம் தெரியாம ஒரு பார்வை. பேர் இல்லாத நோய்க்கு ஊர்ல காத்து கருப்பு, பேய், சாமி குத்தம்னு ஒரு காரணம் சுலபமா கிடைச்சிரும். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நேரம் அதுலயே போயிரும்.

1973-ல மேற்கு வங்காளத்துல பர்த்வான், பாங்குரா மாவட்டங்கள்ல பெரிய அளவுல பரவினப்போதான் நாடே கவனிச்சது. பிறகு நம்ம பக்கம் தென்னாற்காடு மாவட்டம் ஆய்வாளர்களோட கண்ணுல பட்டது. 1993-ல பிரிஞ்சு கடலூர், விழுப்புரம்னு ஆன அதே பழைய மாவட்டம். 1985-ல மதுரையில் ஐ.சி.எம்.ஆர். தொடங்கின மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையம், விருத்தாசலத்துல ஒரு கள நிலையம் வச்சது. ரேச்சல் ரூபன், கஜானனா போன்ற விஞ்ஞானிகள் வருஷக்கணக்கா இந்தக் கிராமங்கள்ல வேலை பார்த்தாங்க. பொழுது சாஞ்ச பிறகு மாட்டுக் கொட்டகையைச் சுத்திக் கொசு பிடிக்கணும், அதை இனம் பிரிக்கணும், எதுல வைரஸ் இருக்குன்னு பார்க்கணும். மாசம் தவறாம செய்யற வேலை.

அவங்க பார்த்த சுழற்சி இதுதான். கொக்கு, மடையான் மாதிரி நீர்ப்பறவைகள் உடம்புல வைரஸ் இருக்கும். வயல் தண்ணியில பிறக்கிற க்யூலெக்ஸ் கொசு அதை எடுத்துக்கும். பன்றியைக் கடிச்சா, பன்றி ரத்தத்துல வைரஸ் பல மடங்கு பெருகும். அங்கிருந்து இன்னும் நிறைய கொசுவுக்குப் போகும். மாட்டைக் கடிச்சா வைரஸ் அங்கேயே முடிஞ்சிரும், ஏன்னா மாட்டோட ரத்தத்துல அது போதுமான அளவு பெருகாது. மனுஷனும் அப்படித்தான், ஒரு முட்டுச்சந்து. ஒருத்தர்கிட்ட இருந்து இன்னொருத்தருக்குத் தொத்தாது. ஜே.இ. வந்த குழந்தையை ஒதுக்கி வைக்க ஒரு காரணமும் இல்லை.

இப்போ ஒரு புதிர். சிதம்பரத்துக்குத் தெற்கே கொள்ளிடம் ஓடுது. அதைத் தாண்டினா பழைய தஞ்சாவூர் மாவட்டம். நெல்லுன்னா தஞ்சாவூர்தான், நம்மளவிட அங்கே வயல் அதிகம். அப்போ நோயும் அங்கே அதிகமா இருக்கணும் இல்லையா? 2000-ல வெளிவந்த ஓர் ஆய்வுல, தஞ்சாவூர் கிராமத்துக் குழந்தைகள்கிட்ட ஜே.இ. தொற்று குறைவாத்தான் இருந்தது. ஆய்வாளர்கள் சொன்ன முக்கியமான விளக்கம்: அங்கே பன்றிகளோட ஒப்பிட்டா மாடுகள் மிக மிக அதிகம். கொசுவோட பெரும்பாலான கடி மாட்டு மேல விழுது, வைரஸ் அங்கேயே நின்னுருது. வயலும் கொசுவும் மட்டும் இருந்தா போதாது, கொசு யாரைக் கடிக்குதுங்கிறதும் கணக்குல வருது.

இதைக் கேட்டதும் 'அப்போ பன்றி வளர்க்கிறவங்கதான் காரணமா'ன்னு சிலர் கேப்பாங்க. நோய் வந்தா முதல்ல விரல் நீட்டப்படுறது ஊருக்கு வெளியே குடியிருக்கிற அந்த ஏழைக் குடும்பங்கள் மேலதான். ஆனா கொசு பிறக்கிறது நாம எல்லாரும் சாப்பிடுற சோறு விளையற வயல்ல. பழியை ஒரு தெருவுக்கு மட்டும் அனுப்பிட்டு நாம கை கழுவ முடியாது.

வயல்லயே ஏதாவது செய்ய முடியுமான்னும் மதுரை மையம் பார்த்தது. நம்ம விவசாயிகள்கிட்ட 'காய்ச்சலும் பாய்ச்சலும்'னு ஒரு முறை உண்டு. தண்ணியை எப்பவும் தேக்கி வைக்காம, ஒரு தடவை பாய்ச்சி, காயவிட்டு, மறுபடி பாய்ச்சறது. தண்ணி வத்தினா கொசுப் புழு செத்துரும். இதோட வேப்பம்பிண்ணாக்குச் சத்து பூசின யூரியாவையும் சேர்த்துப் பரிசோதிச்சாங்க. புழுக்கள் நல்லாக் குறைஞ்சது, பயிருக்கும் கெடுதல் இல்லை. 2015-ல மத்திய அரசு எல்லா யூரியாவுக்கும் வேப்பெண்ணெய் பூச்சைக் கட்டாயமாக்கினது வேற காரணங்களுக்காக. ஆனா கொசுவுக்காக வேம்பை வயல்ல இறக்கின யோசனை நம்ம பக்கத்துல அதுக்கு ரொம்ப முன்னாடியே இருந்தது.

சிக்கல் என்னன்னா, காயவிடணும்னா வேணும்ங்கிறப்போ தண்ணி வரும்னு விவசாயிக்கு நம்பிக்கை இருக்கணும். வாய்க்கால் கடைசியில இருக்கிறவர் கிடைச்ச தண்ணியைத் தேக்கித்தான் வைப்பார். அவரைக் குறை சொல்ல முடியுமா?

அதனால கடைசியில பெரிய வேலையைச் செய்தது தடுப்பூசி. ஹிமாச்சலத்துல கசௌலியில தயாரான பழைய ஊசி எலியோட மூளையில வளர்த்த வைரஸ்ல இருந்து வந்தது. பல டோஸ் போடணும், உற்பத்தியும் குறைவு. 2005-ல உத்தரப் பிரதேசத்துல கோரக்பூர் பக்கம் ஆயிரத்துக்கும் மேற்பட்டவங்க செத்த பிறகு, 2006-ல சீனாவுல தயாரான ஊசியோட பெரிய திட்டம் தொடங்கியது. அது படிப்படியா கடலூர் உட்பட தமிழ்நாட்டு மாவட்டங்களுக்கும் வந்தது. 2013-ல இந்தியாவிலேயே 'ஜென்வேக்' ஊசி வந்தது. கர்நாடகாவுல கோலார்ல 1981-ல பிரிச்சு எடுத்த வைரஸ்தான் அதுக்கு அடிப்படை.

ஏன் இவ்வளவு மெனக்கெடணும்? தொற்று வந்தவங்கள்ல சுமார் 250 பேருக்கு ஒருத்தருக்குத்தான் நோய் தீவிரமாகுது. ஆனா அந்த ஒருத்தர் பெரும்பாலும் ஒரு குழந்தை. தீவிரமானவங்கள்ல 30 சதவீதம் வரைக்கும் இறந்துபோறாங்க. பிழைச்சவங்கள்லயும் 20-லிருந்து 30 சதவீதம் பேருக்குப் பேச்சு, நடை, நினைவு, வலிப்புன்னு ஏதாவது ஒரு பாதிப்பு ஆயுசுக்கும் நிக்குது. வைரஸைக் கொல்ற மருந்து இன்னைக்கு வரை கிடையாது. அறிகுறிகளைச் சமாளிச்சு உயிரைக் காப்பாத்தலாம், அவ்வளவுதான்.

நோய் பரவுற மாவட்டங்கள்ல இப்போ ரெண்டு டோஸ் இலவசம்: ஒன்பது மாசம் முடிஞ்சதும் ஒண்ணு, 16-லிருந்து 24 மாசத்துக்குள்ள இன்னொண்ணு. நீங்க சென்னையிலோ பெங்களூர்லயோ இருக்கலாம். ஊர்ல அக்கா வீட்லயோ சித்தி வீட்லயோ ஒரு கைக்குழந்தை இருந்தா, இன்னைக்குப் போன் போட்டு அந்தத் தடுப்பூசி அட்டையில ரெண்டாவது டோஸ் குறிச்சிருக்கான்னு மட்டும் கேளுங்க. முதல் ஊசிக்கு வந்து ரெண்டாவதை மறந்துபோற வீடுகள் உண்டு.

அடுத்த எபிசோடுல சந்திப்போம்.