சவ்வு அடைப்பு

எதிர்ச் சவ்வூடுபரவல் (ஆர்.ஓ.) முறையில் நீரைச் சுத்திகரிக்கும்போது வண்டல், சுண்ணாம்பு, கரிமக் கசடு, நுண்ணுயிர் ஆகியவை சவ்வின் மேல் படிந்து நீர்வரத்தைக் குறைப்பது சவ்வு அடைப்பு. 'மெம்பரேன் அடைச்சுக்கிச்சு' என்பது களத்துப் பேச்சு. ஆர்.ஓ. நிலையத்தின் மின்செலவும் சவ்வின் ஆயுளும் பெருமளவு இதைப் பொறுத்தவை.

1748இல் பிரான்சின் அறிவியலாளர் நொல்லே, மதுசாரம் நிரப்பிய குடுவையின் வாயைப் பன்றியின் சிறுநீர்ப்பையால் கட்டித் தண்ணீரில் அமிழ்த்தினார். நீர் உள்ளே ஊடுருவிச் சவ்வு புடைத்தது. இதுவே சவ்வூடுபரவல். இரண்டு நூற்றாண்டுகள் கழித்து, 1950களின் இறுதியில், லாஸ் ஏஞ்சலிஸில் சிட்னி லோபும் இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜனும், மிக மெல்லிய அடர்தோல் கொண்ட செல்லுலோஸ் அசிட்டேட் சவ்வைச் செய்தார்கள். அழுத்தம் கொடுத்தால் உப்பு நின்றது, நீர் தாராளமாக வந்தது. 1965இல் கலிஃபோர்னியாவின் கோலிங்கா ஊர் இந்த முறையில் குடிநீர் பெற்றது. தாராளமாக வந்த நீர் அழுக்கையும் சவ்வை நோக்கி இழுத்து வந்தது. அடைப்பு ஒரு தொழில்சிக்கலானது அப்போதுதான்.

1970களின் பிற்பகுதியில் ஜான் கேடோட் உருவாக்கிய பாலியமைடு சவ்வு உப்பை இன்னும் நன்றாகத் தடுத்தது, அழுத்தமும் குறைவாகவே கேட்டது. ஆனால் அதற்குக் குளோரின் ஆகாது. கிருமியைக் கொல்லக் குளோரின் போட வேண்டும். சவ்வைத் தொடும் முன் சோடியம் பைசல்ஃபைட் சேர்த்து அதையே நீக்கவும் வேண்டும். அப்படி நீக்கிய பிறகு தப்பிய நுண்ணுயிர்கள் சவ்வின்மேல் பெருகிப் பிசுபிசுப்பான படலமாகின்றன. இன்றும் தீராத சங்கடம் இது.

இந்த வரலாற்றில் மைசூருவுக்கும் இடம் உண்டு. செலுவாம்பா மாளிகையில் 1950 முதல் இயங்கும் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம், பழச்சாற்றைச் சூடாக்காமல் கெட்டியாக்க முன்னோக்கிய சவ்வூடுபரவலைக் கையில் எடுத்தது. இங்கே அழுத்திப் பிழிவதில்லை. சவ்வின் மறுபக்கத்தில் உள்ள அடர்கரைசல் நீரைத் தானாக இழுத்துக்கொள்ளும். கே.எஸ்.எம்.எஸ். ராகவராவ், என்.கே. ரஸ்தோகி உள்ளிட்ட குழு 2006இல் வெளியிட்ட ஆய்வில் அன்னாசிச் சாறு இப்படிக் கெட்டியாக்கப்பட்டது. இழுக்கும் கரைசலில் உப்பு மட்டும் இருந்தால் அது சாற்றுக்குள் கசிகிறது, சர்க்கரை மட்டும் இருந்தால் நீர்வரத்து மந்தமாகிறது. இரண்டையும் கலந்தது அவர்கள் கண்ட வழி. இதே நிறுவனத்தின் பிந்தைய ஆய்வுகள், சாற்றில் உள்ள பெரிய மூலக்கூறுகளும் சிறிய மூலக்கூறுகளும் நீர்வரத்தை எப்படிப் பாதிக்கின்றன என்று பார்த்தன. மீயொலியையும் பயன்படுத்திப் பார்த்தன.

பழச்சாற்று ஆய்வு குடிநீருக்கு எதற்கு என்று ஒதுக்கிவிட முடியாது. பழத்தின் பெக்டினும், கடற்பாசியிலிருந்து வரும் ஆல்ஜினேட்டும் கால்சியம் கிடைத்தால் கூழாக உறைபவை. அடைப்பை ஆராய்பவர்கள் உலகெங்கும் மாதிரி அழுக்காகப் பெரும்பாலும் ஆல்ஜினேட்டை எடுத்துக்கொள்கிறார்கள். அழுத்தமில்லாத முறையில் இந்தக் கூழ் இறுகாமல் தளர்வாகப் படிகிறது. பல சமயம் வேகமான நீரோட்டமே அதைக் கழுவிவிடும். உயர் அழுத்த ஆர்.ஓ.வில் இந்த வசதி குறைவு.

கடல்நீருக்கு அந்த அழுத்தம் இன்றி வேறு வழியில்லை. சென்னைக்காக 2010இல் மீஞ்சூரிலும் 2013இல் நெம்மேலியிலும் தொடங்கிய, நாளொன்றுக்குத் தலா 10 கோடி லிட்டர் திறனுள்ள நிலையங்களில், கலங்கல் நீரை முதலில் வடிகட்டித் தெளியவைப்பதே பெரிய வேலை. சவ்வுக்குப் போகும் நீரை 0.45 மைக்ரான் தாள் வழியே 15 நிமிடம் செலுத்தி, தாள் எவ்வளவு வேகமாக அடைகிறது என்று அளப்பது இத்துறையின் வழக்கமான சோதனை. அந்தக் குறியீடு 5-ஐத் தாண்டக்கூடாது. 3-க்குள் இருந்தால் நல்லது.

கெட்டுப்போன சவ்வுகளை அறுத்துப் பார்த்தால் காரணம் தெரியும். பாய்போல் சுருட்டிய தாள்களைப் பிரிக்கும்போது, நீர் நுழையும் முதல் உருளையில் வண்டலும் வழவழப்பான பழுப்புப் படலமும் இருக்கும். உப்புச் செறிவு ஏறிப்போன கடைசி உருளையில் வெள்ளைச் சுண்ணாம்பு சொரசொரக்கும். முன்னதைக் கழுவக் காரம், பின்னதைக் கரைக்கச் சிட்ரிக் அமிலம். சவ்வை மாற்றச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கை முன்சுத்திகரிப்புக்குக் கொடுத்தால் இரண்டுமே அரிதாகத்தான் தேவைப்படும்.

மைசூருவின் வீட்டு ஆர்.ஓ. கருவிகளிலும் இரு வகைச் சேதம் உண்டு. போர் தண்ணீர் ஊற்றும் வீட்டில் சுண்ணாம்பு படியும். குளோரின் கலந்து குழாயில் வரும் காவிரி, கபினி நீரில் சவ்வைக் காப்பது அதற்கு முன்னுள்ள கரி வடிகட்டி. அதை உரிய காலத்தில் மாற்றாவிட்டால் அடைப்புக்கு முன்பே சவ்வு அரிக்கப்பட்டு, உப்பைத் தடுக்கும் திறனை இழக்கிறது.