கணப்பு அடுப்பின் கறுப்பு

என் நண்பர் ஒருவர் குன்னூரில் ஒரு பழைய பங்களாவை வாங்கினார். கூரை ஒழுகியது, கதவுகள் சாத்திக்கொள்ள மறுத்தன. ஆனால் கூடத்தில் ஒரு கணப்பு அடுப்பு இருந்தது. வார்ப்பிரும்பில் செய்தது. இரு பக்கமும் திராட்சைக் கொடி. உச்சியில் ஒரு பூக்கூடை. அதைப் பார்த்து மயங்கித்தான் வீட்டை வாங்கச் சம்மதித்ததாக நண்பரின் மனைவியே ஒப்புக்கொண்டார்.

மயங்கியவர் சும்மா இருக்கவில்லை. அழுது வடிந்துகொண்டிருந்த அந்த இரும்புக்கு வெள்ளை எனாமல் அடிக்கச் சொன்னார். பெயிண்டர் வந்தார், அடித்தார், கூலியை வாங்கிக்கொண்டு போனார். மார்கழிக் குளிரில் முதல் தீ மூட்டிய அன்று நானும் அங்கே இருந்தேன். அரை மணி நேரத்தில் பெயிண்ட் அப்பளம் மாதிரி கொப்புளித்தது. நாற்றம் தாங்காமல், அந்தக் குளிரில் ஜன்னல்களைத் திறந்து வைத்துக்கொண்டு மூவரும் நடுங்கினோம்.

மறுநாள் காலையில் நண்பர் உப்புத்தாளும் சுரண்டியுமாக உட்கார்ந்துவிட்டார். வெள்ளைக்கு அடியில் பச்சை. பச்சைக்கு அடியில் இன்னொரு வெள்ளை. அதற்கும் அடியில் காப்பிப் பழுப்பு. எல்லாவற்றுக்கும் கீழே, பென்சிலால் தேய்த்தாற்போல ஒரு கறுப்பு மினுமினுப்பு.

அந்தக் கறுப்புக்கு ஒரு சரித்திரம் உண்டு.

இங்கிலாந்தில் விறகு எரித்த காலத்தில் கணப்புக்குக் கல்தரையே போதும். நிலக்கரி அப்படி எரியாது. அதற்கு அடியிலிருந்து காற்று வேண்டும். ஆகவே இரும்புத் தட்டி தேவைப்பட்டது. ஷ்ராப்ஷயரில் கோல்புரூக்டேல் என்னும் ஊரில் ஆபிரகாம் டார்பி என்பவர் 1709-ல் கற்கரியைக் கொண்டு இரும்பு உருக்கிக் காட்டினார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் மணல் அச்சில் இரும்புப் பானை வார்ப்பதற்கு உரிமை வாங்கியிருந்தார். பானை செய்யப் புறப்பட்டவரால் இரும்பு மலிந்தது. ஸ்காட்லாந்தில் 1759-ல் தொடங்கிய காரன் ஆலை, பீரங்கியும் வார்த்தது. பூங்கொடி போட்ட கணப்பும் வார்த்தது. 1796-ல் ரம்ஃபோர்டு பிரபு புகைவழியின் தொண்டையைச் சுருக்கி, பக்கச் சுவர்களைச் சாய்த்து, அறைக்குள் வெப்பம் வரும்படி செய்தார். அடுத்த நூற்றாண்டில் முகப்பு முழுவதையும் வார்ப்பிரும்பிலேயே செய்து, சாதாரணக் குடும்பத்தின் படுக்கையறைக்குக்கூடக் கொண்டு வந்துவிட்டார்கள்.

வந்த இரும்பு துருப்பிடிக்குமே! எண்ணெய் வர்ணம் அடித்தால் என்ன ஆகும் என்பதை நாங்கள் குன்னூரில் கண்டோம். அதற்கு அவர்கள் கண்ட பரிகாரம், பென்சிலுக்குள் இருக்கும் பொருள். இங்கிலாந்தின் பாரோடேல் பள்ளத்தாக்கில் அது பதினாறாம் நூற்றாண்டிலேயே கிடைத்தது. நாம் அதைக் காரீயம் என்கிறோம்; ஆங்கிலேயர்களும் அப்படித்தான் சொன்னார்கள். இரண்டு பேர் சொல்வதும் தப்பு. அது கரியின் ஒரு வகை, கிராபைட். அந்தப் பொடியைத் தண்ணீரில் குழைத்து ஒரு பிரஷ்ஷால் பூச வேண்டும். இன்னொன்றால் தேய்க்க வேண்டும். மூன்றாவதால் பளபளப்பு ஏற்ற வேண்டும். சூடு பட்டாலும் அது கொப்புளிப்பதில்லை. ஆனால் சாம்பலும் தேய்மானமும் நாளுக்கு நாள் அதன் முகத்தை மங்கவைக்கும். ஆகவே மறுபடி பூச வேண்டும், மறுபடி தேய்க்க வேண்டும்.

யார் தேய்த்தார்கள்? எஜமானர்கள் கண் விழிக்குமுன் எழுந்த பணிப்பெண்கள். அவர்களில் ஒருத்தி தினக்குறிப்பு எழுதி வைத்திருக்கிறாள். ஹன்னா கல்விக் என்று பெயர். 1833-ல், டார்பி இரும்பு உருக்கிய அதே ஷ்ராப்ஷயரில் பிறந்தவள். சிறு வயதிலேயே வேலைக்குப் போனவள். ஆர்தர் மன்பி என்ற கனவான் கேட்டுக்கொண்டதால் எழுதினாள். 1873-ல் அவரை ரகசியமாக மணந்தும் கொண்டாள். கதவுகளைத் திறந்தது, தீ மூட்டியது, கணப்பைத் துலக்கியது, பூட்ஸ் துடைத்தது என்று நாளுக்கு நாள் அதே கணக்கு. நாவல் எழுதுகிறவன் நான். ஆயினும் இந்தக் கணக்குக்கு முன்னால் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

1914-ல் யுத்தம் வந்தது. பெண்கள் தொழிற்சாலைக்குப் போனார்கள். திரும்பி வந்து இன்னொருவர் வீட்டுக் கணப்பைத் தேய்க்கப் பலருக்கு மனம் வரவில்லை. வாயு அடுப்பும் மின்சார அடுப்பும் பெருகின. 1952 டிசம்பரில் லண்டனைப் புகைமூட்டம் ஐந்து நாள் மூடி, ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. 1956-ல் காற்றுத் தூய்மைச் சட்டம் பிறந்தது. குளிர்ந்து கிடந்த கணப்புகளுக்குப் பலர் அலமாரிக்கு அடிப்பதுபோல் வர்ணம் அடித்தார்கள். தீயில்லாத அடுப்பு அதைத் தாங்கும். தேய்க்கும் கை விலகிய இடத்தில்தான் வர்ணம் வந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. என் நண்பர் செய்த பிழை, அணைந்த அடுப்பின் அலங்காரத்தை எரிகிற அடுப்புக்குச் செய்ததுதான்.

இதையெல்லாம் நான் விஸ்தாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, நண்பரின் பேரன் தவழ்ந்து வந்து, சுரண்டிய தூளில் கை வைத்தான். எனக்குப் பகீரென்றது. குழந்தையை வாரி எடுத்தேன்.

பழைய வெள்ளை வர்ணம் பெரும்பாலும் எதில் செய்தது தெரியுமா? காரீயத் தகட்டைப் புளிக்காடி ஆவியில் வெளுக்க வைத்து எடுத்த சாயத்தில். காரீயம் என்று பெயர் சுமந்த கறுப்பில் காரீயம் இல்லை; பால்போன்ற வெள்ளையில் இருந்தது! குழந்தைகளின் மூளையை அது மெல்ல மெல்லக் கெடுக்கும். அமெரிக்காவில் 1978-ல் வீட்டுப் பெயிண்டில் அதைத் தடுத்தார்கள். நம் நாட்டில், பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்று 2016-ல்தான் விதி செய்தார்கள். பழைய பெயிண்டை உலர்வாகத் தேய்த்துத் தூள் பறக்கவிடவே கூடாது.

குழந்தையைச் சித்தி வீட்டுக்கு அனுப்பினோம். முகத்தில் கவசம் கட்டிக்கொண்டு, மருந்து தடவி இளக்கி, ஈரத்துணியால் வழித்தெடுத்தார் நண்பர். சூடு தாங்கும் தனிப் பெயிண்டும் இப்போது கடையில் கிடைக்கிறது. ஆனால் அடியில் கண்ட கறுப்பு அவரைப் பிடித்துக்கொண்டது. பூசித் தேய்த்ததும் திராட்சைக் கொடி உயிர் பெற்றது.

"அழகாகத்தான் இருக்கிறது. அடிக்கடி இதை யார் தேய்ப்பது?" என்றார் மனைவி.

நண்பரின் பார்வை, கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த வேலைக்காரப் பெண்ணின் பக்கம் சென்றது. மனைவி அதைக் கவனித்துவிட்டார்.

"அவளுக்கு வேறு வேலை இருக்கிறது. கறுப்புக்கு ஆசைப்பட்டது நீங்கள்தானே? நீங்களே தேயுங்கள்!"

போன வாரம் நண்பரிடமிருந்து கடிதம் வந்தது. காகிதத்தின் ஓரத்தில் கறுப்பாக ஒரு கட்டைவிரல் ரேகை பதிந்திருந்தது.