பில்லியர்ட்ஸ் விளக்கும் எங்கள் வீட்டுத் தறி விளக்கும்



மலர்க் குழுவினர் என்னிடம், "ஏதாவது ஒரு வரலாற்றுக் கட்டுரை கொடுங்க சார்" என்று கேட்டபோது தயங்கினேன். கைலாசநாதர் கோயிலைப் பற்றியும் பல்லவர்களைப் பற்றியும் எழுத நம்மிடையே என்னைவிடத் தகுதியானவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நானோ பி.எஸ்சி. இயற்பியல் படித்துவிட்டு, வாழ்நாள் முழுக்க விளக்கு மாட்டிக்கொண்டு திரிந்தவன். ஆகவே விளக்கின் வரலாற்றையே எழுதலாம் என்று துணிந்துவிட்டேன். அதிலும் ஒரே ஒரு விளக்கு. பில்லியர்ட்ஸ் மேசைக்கு மேலே தாழ்வாகத் தொங்குமே, அந்த விளக்கு.

"காஞ்சிபுரத்துக்கும் பில்லியர்ட்ஸுக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. கொஞ்சம் பொறுங்கள். சம்பந்தம் இருக்கிறது.

ஊட்டியில் எழுதிய சட்டம்

பில்லியர்ட்ஸ் ஐரோப்பாவில் பிறந்த ஆட்டம். புல்தரையில் பந்தைத் தட்டி ஆடிய விளையாட்டைத்தான் பிறகு மேசைமேல் ஏற்றினார்கள். மேசைத் துணி பச்சையாக இருப்பது அந்தப் புல்லின் ஞாபகம் என்பார்கள். ஆனால் அதன் தம்பியான ஸ்னூக்கர் பிறந்தது நம் நாட்டில்! 1875-ல் ஜபல்பூரில், ராணுவ அதிகாரிகளின் உணவு விடுதியில், நெவில் சேம்பர்லின் என்ற இளம் அதிகாரி பழைய ஆட்டங்கள் இரண்டு மூன்றைக் கலந்து, வண்ணப் பந்துகளைச் சேர்த்து இதை ஆரம்பித்தார். (பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமரான சேம்பர்லின் வேறு, இவர் வேறு.) அவர் ஊட்டிக்கு வந்த பிறகு, 1880-களின் தொடக்கத்தில், ஆட்டத்தின் சட்டதிட்டங்களை எழுதி ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில் மாட்டினார்கள். ஆக, உலகம் முழுக்க இன்று ஆடுகிற ஓர் ஆட்டத்துக்குச் சட்டம் எழுதிய இடம் நம் நீலகிரி. 1958-ல் கல்கத்தாவில் வில்சன் ஜோன்ஸ் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டத்தை வென்றபோது, நாம் அந்த மேசையின் சொந்தக்காரர்களாகவும் ஆகிவிட்டோம்.

அந்த மேசையைச் சற்று நினைத்துப் பாருங்கள். பந்து ஓடும் பரப்பு மட்டும் ஏறத்தாழ 12 அடி நீளம், 6 அடி அகலம். ஸ்னூக்கருக்கு 22 பந்துகள். ஒவ்வொன்றும் எலுமிச்சம்பழம் போல, 52.5 மில்லிமீட்டர் குறுக்களவு. மூலையில் கிடக்கும் பந்தின் ஓரத்தில் மயிரிழை தவறினாலும் அடி வீண். இதைச் சரியாகப் பார்க்க என்ன வெளிச்சம் வேண்டும்? அந்தக் கேள்விக்கு விடை தேடியதுதான் இந்த விளக்கின் வரலாறு.

மெழுகு, எண்ணெய், வாயு, மின்சாரம்

முதலில் மெழுகுவர்த்திதான். சுடர் மினுக்கும், நிழல் ஆடும், மெழுகு சொட்டி விலையுயர்ந்த கம்பளித் துணி பாழாகும். பிறகு எண்ணெய் விளக்குகள் வந்தன. சேம்பர்லின் சட்டம் எழுதிய நாளில் ஊட்டியில் மின்சாரம் ஏது? இங்கிலாந்தில் வாயு விளக்கு வந்த பிறகு வெளிச்சம் கூடியது. கூடவே அறையில் சூடும் கரியும் கூடின. பணக்காரர்கள் வீடு கட்டும்போதே பில்லியர்ட்ஸ் அறைக்குக் கூரையில் கண்ணாடிக் கூண்டு வைத்து, மேசைமேல் நேராகப் பகல் வெளிச்சம் இறங்கும்படி செய்தார்கள்.

இந்த இடத்தில் நம்ம ஊர்க்காரர்களுக்குச் சிரிப்பு வரவேண்டும். பிள்ளையார்பாளையத்துப் பழைய நெசவாளர் வீடுகளில் நாட்டு ஓட்டுக்கு நடுவே ஒரு கண்ணாடி ஓடு பதித்திருப்பார்களே, எதற்கு? தறிமேல் வெளிச்சம் இறங்கத்தான். லண்டன் சீமான் செய்ததையே நம்ம தாத்தாவும் செய்திருக்கிறார். இரண்டு பேருக்கும் ஒரே தேவை: வேலை நடக்கும் பரப்பின்மேல், தலைக்கு மேலிருந்து, நிழல் விழாத வெளிச்சம்.

1879-ஐ ஒட்டி இங்கிலாந்தில் ஸ்வானும் அமெரிக்காவில் எடிசனும் மின்சார பல்பை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகுதான் இரண்டு மேசைகளும் பிரிகின்றன. ஆட்ட மேசைக்கென்று தனியாக ஒரு விளக்கு உருவானது. தறிக்கென்று யாரும் ஒன்றும் செய்யவில்லை. இருட்டில் ஒரு பல்பைத் தொங்கவிட்டதோடு சரி.

மார்க்கர் சொன்ன பாடம்

நான் 1977-ல் சென்னையில் விளக்குகள் செய்யும் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். 1981-ல் ஒரு கிளப்பில் பில்லியர்ட்ஸ் மேசைக்கு விளக்கு மாட்ட அனுப்பினார்கள். பெயர் வேண்டாம். அங்கே கணக்கு எழுதி, பந்து அடுக்கித் தரும் மார்க்கர் ஒரு பெரியவர். நான் நடுவில் பெரிய பல்பாக ஒன்று போடலாம் என்று நினைத்துக்கொண்டு போனேன். அவர் சிரித்துவிட்டார்.

"தம்பி, காலேஜ் படிச்சிருக்கீங்க. நடுவுல ஒண்ணு போட்டா மூலையில இருக்கிற பந்து எப்படிங்க தெரியும்?"

அன்று இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நம் ஆய்வகத்தில் எண்ணெய்ப்பொட்டு ஒளிமானியை வைத்து எதிர்விகித இருமடி விதியைச் சோதித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? அந்த விதிதான். மேசைக்கு மூன்றடி மேலே, நடுவில், மூடியில்லாத ஒற்றை பல்பு. அதற்கு நேர் கீழே விழும் வெளிச்சத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் மேசையின் கடைசிக்குப் போகும். மூலைப் பைக்கோ பதினாலில் ஒரு பங்கு! தூரம் கூடுவதும், ஒளி சாய்வாக விழுவதும் சேர்ந்து செய்கிற வேலை இது. பெரியவருக்கு விதி தெரியாது. மூலைப் பந்து தெரியாது என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

அவரிடம் கற்றதும் பிறகு படித்ததும் சேர்ந்து நான்கு பாடங்கள். முதலாவது, விளக்கு மேசையின் நீளத்துக்கு ஓட வேண்டும். அதனால்தான் பழைய முழு மேசைகளில் ஆறு விளக்குகளை இரண்டு வரிசையாகத் தொங்கவிட்டார்கள். பல இடத்திலிருந்து ஒளி வந்தால் ஒன்றின் நிழலை இன்னொன்று அழிக்கும். இரண்டாவது, கவிழ்ந்த மூடி. குனிந்து குறி பார்ப்பவன் கண்ணில் பல்பு படக்கூடாது. வெளிச்சம் முழுதும் துணிமேல் விழவேண்டும். மூடிக்கு உள்பக்கம் வெள்ளை அடிப்பது அதற்காகவே. மூன்றாவது, உயரம். தாழ்ந்தால் தலையில் இடிக்கும், நடுவில் மட்டும் பளிச்சென்று இருக்கும். உயர்ந்தால் கண் கூசும். நான்காவது, நிறம். ஸ்னூக்கரில் சிவப்புக்கு ஒன்று, பழுப்புக்கு நாலு. கெட்ட வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றாகத் தெரிந்தால் ஆட்டமே போச்சு! 1969-ல் பி.பி.சி. ஸ்னூக்கரைத் தொடராகக் காட்டத் தொடங்கியதே வண்ணத் தொலைக்காட்சியை மக்களுக்குக் காட்டத்தான்.

பிற்காலத்தில் இதையெல்லாம் எண்ணாகவே எழுதிவிட்டார்கள். ஸ்னூக்கருக்கு உறவான பூல் ஆட்டத்துக்கான உலகச் சங்கத்தின் விதிப்படி, மேசையின் எந்தப் புள்ளியிலும் குறைந்தது 520 லக்ஸ் வெளிச்சம் வேண்டும். நகர்த்த முடியாத விளக்கு என்றால் மேசைப் பரப்புக்கு மேலே 65 அங்குலத்துக்குக் கீழே இறங்கக்கூடாது. சுற்றியிருக்கும் அறையும் கும்மிருட்டாக இருக்கக்கூடாது, 54 லக்ஸாவது வேண்டும். ஒரு பொழுதுபோக்குக்கு இத்தனை அக்கறை. நான் குறை சொல்லவில்லை, நல்ல வேலை நல்ல வேலைதான்.

எங்கள் வீட்டுத் தறி

இப்போது எங்கள் வீட்டுக்கு வாருங்கள். அப்பா குழித்தறி நெய்தவர். கோர்வைப் புடவை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். மூன்று நாடா ஓடும். உடலும் கரையும் சேரும் இடத்தில் இழையோடு இழை கோத்து வரவேண்டும். அதில் ஒன்று தப்பினாலும் புடவையை விரித்ததும் தெரிந்துவிடும். கூலியில் பிடிப்பார்கள். முகூர்த்த சீசனில் விடியற்காலையும் ராத்திரியும் வேலை. வெளிச்சம்? உத்தரத்திலிருந்து கயிற்றில் தொங்கும் ஒரு 40 வாட் பல்பு.

அந்த பல்புக்கும் ஒரு கணக்குப் போட்டேன். ஒரு மீட்டர் தூரத்தில், மூடியில்லாத 40 வாட் பல்பு கொடுப்பது ஏறத்தாழ 30 லக்ஸ். பந்து உருட்டுபவனுக்கு 520, பட்டு நெய்பவனுக்கு 30! அதுவும் ஜரிகையில் பட்டுத் தெறித்துக் கண்ணைக் குத்தும். கொஞ்சம் பின்னால் தள்ளிக் கட்டினால் நெய்பவர் தலை நிழல் நேராக அச்சின்மேல் விழும்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். 1981-லிருந்து எத்தனையோ மேசைகளுக்கு விளக்கு மாட்டினேன். ஐந்து வருஷம் எனக்கு எங்க வீட்டுத் தறி ஞாபகத்துக்கே வரவில்லை. மாதம் ஒரு தரம் காஞ்சிபுரம் வருவேன், அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பேசுவேன், அதே பல்பைப் பார்ப்பேன், திரும்பிப் போவேன்.

1986 பொங்கலுக்கு வந்தபோது, அப்பா ஊடை நூல்கண்டு ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் வெயிலில் பார்த்தார். "என்னாப்பா?" என்றேன். "அரக்கா கத்திரிப்பூவான்னு தெரியலடா" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மார்க்கர் சொன்ன நான்காவது பாடம்!

மறுநாளே தகரக் கடையில் ஒரு மூடி அடித்து வாங்கினேன். உள்ளே வெள்ளை பெயிண்ட். புடவை அகலம் ஏறக்குறைய நாலு அடி, ட்யூப் லைட்டும் நாலு அடி. அளவெடுத்துச் செய்ததுபோல! அச்சுக்கு மேலே, கொஞ்சம் முன்தள்ளி, ஊடை ஓடும் திசையிலேயே கிடத்தி மாட்டினேன். ட்யூப் வெளிச்சத்தில் சிவப்பு மங்கித் தெரியும் என்பதால் பக்கத்தில் ஒரு பல்பையும் சேர்த்தேன். சுவிட்சைப் போட்டதும் அப்பா கோர்வை சேரும் இடத்தைக் கொஞ்ச நேரம் விரலால் தடவிப் பார்த்தார்.

"இவ்ளோ நாளா எங்கடா வச்சிருந்த இந்த வெளிச்சத்த?"

சந்தோஷமாகத்தான் கேட்டார். எனக்குத்தான் பதில் சொல்ல வாய் வரவில்லை.

மங்கலான வெளிச்சம் கண்ணையே கெடுத்துவிடும் என்று பயமுறுத்த மாட்டேன். களைப்பு, தலைவலி, தவறு, பிடித்தம் இவை நிச்சயம். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். இருபது வயதில் விழித்திரைக்குப் போகும் வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான் அறுபது வயதில் போகிறது. இன்று தறியில் இருப்பவர்களில் நிறையப் பேர் வயதானவர்கள். அவர்களுக்குத்தான் அதிக வெளிச்சம் தேவை.

இனி நம் வேலை

காலம் மாறியிருக்கிறது. நீல எல்.இ.டி.யைக் கண்டுபிடித்த மூவருக்கு 2014-ல் நோபல் பரிசு கிடைத்தது. அதனால் வந்த விளக்குகள் இன்று எல்லாக் கடையிலும் தொங்குகின்றன. தேசியக் கைத்தறி வளர்ச்சித் திட்டத்தில் தறிக்கு விளக்கு என்றே ஓர் இனம் சேர்த்தார்கள். தமிழக அரசு 2023-ல் கைத்தறி நெசவாளர்களுக்கான இலவச மின்சாரத்தை இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டிலிருந்து 300 யூனிட்டாக உயர்த்தியது. 20 வாட் நாலடி எல்.இ.டி. ஒன்றை ஒரு மீட்டர் உயரத்தில் சரியாக மாட்டினால் 500 லக்ஸை ஒட்டி வரும். தினம் பத்து மணி நேரம் எரித்தாலும் இரண்டு மாதத்துக்கு 12 யூனிட்தான் ஆகும். ஆக, பணமும் மின்சாரமும் பெரிய தடையே இல்லை. எங்கே, எப்படி மாட்டுவது என்பதை யாராவது போய்ச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

மாணவத் தம்பி தங்கைகளே, உங்களில் தறிவீட்டுப் பிள்ளைகள் இன்னும் இருக்கிறீர்கள். கைபேசியிலேயே வெளிச்சம் அளக்கும் வசதி உண்டு. துல்லியம் குறைவானாலும் 30-க்கும் 500-க்கும் உள்ள வித்தியாசத்தை அது காட்டிவிடும். இன்று ராத்திரி உங்கள் வீட்டுத் தறிமேல் வைத்து அளந்து பாருங்கள். நிறம் காட்டும் திறன் 90-க்கு மேல் என்று அட்டையில் போட்டிருக்கும் விளக்கைக் கேட்டு வாங்குங்கள். கண்ணில் படாமல் மூடி போடுங்கள். பழைய மாணவ நண்பர்களே, மின் வேலை தெரிந்தவர்கள் நம்மில் எத்தனையோ பேர். அடுத்த சந்திப்புக்குள் ஆளுக்கு ஒரு தறிக்கு விளக்கு மாட்டிக் கொடுத்துவிட்டு வருவோமா?

அப்பா இப்போது இல்லை. அந்தத் தகர மூடி மட்டும் துருப்பிடித்து எங்கள் பரணில் கிடக்கிறது. அளவு வேண்டுவோர் வந்தால் எடுத்துக் காட்டுகிறேன்.

வாழ்க நம் கல்லூரி! வாழ்க நெசவு!