ரெக்கார்டு கடைகள்: கொஞ்சம் சரித்திரம், கொஞ்சம் ஞாபகம்

எஸ்.ஜி. கிட்டப்பாவின் குரலைக் கேட்டிருக்கிறீர்களா? 1933 டிசம்பரில், 27 வயதில் போய்ச் சேர்ந்துவிட்ட மனிதர். சினிமாவில் நடித்ததில்லை. டேப் ரெக்கார்டர் நம்ம ஊர்ப் பக்கம் எட்டிப் பார்ப்பதற்கு ரொம்ப முன்னாடி நடந்த கதை. ஆனாலும் இன்றைக்கு யூட்யூபில் அவர் பெயரைத் தட்டினால், கரகரப்புக்கு நடுவே அந்த உச்சஸ்தாயிக் குரல் வந்து நிற்கிறது. எப்படி?

யாரோ ஒருத்தர் வீட்டுப் பரணிலோ, யாரோ ஒரு பழைய சாமான் கடையிலோ ஒரு கறுப்புத் தட்டு உடையாமல் கிடந்தது. அவ்வளவுதான் ரகசியம்.

பிழைப்புக்காகக் கொல்கத்தா வந்து பல வருஷம் ஆச்சு. ஊரில் இருந்தவரை 'ரெக்கார்டு' என்றால் நாய் மார்க், கல்யாண வீட்டு மைக் செட், கீறல் விழுந்த ரெக்கார்டு மாதிரிப் பேசும் பெரியப்பா, இவ்வளவுதான் தெரியும். இங்கே வந்த பிறகுதான் நம்ம பாட்டுத் தட்டுகளுக்கும் இந்த ஊருக்கும் இருக்கிற உறவு புரிந்தது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லலாம் என்று தோன்றியது. காப்பி இருந்தால் கையில் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். கொஞ்சம் நீளம்.

அரக்கு மாளிகையும் அரக்குத் தட்டும்

1902-ல் கிராமபோன் கம்பெனியின் ஆள் பிரெட் கெய்ஸ்பெர்க் கல்கத்தாவில் வந்து இறங்கினார். மைக் என்ற சமாச்சாரமே கிடையாது. ஒரு பெரிய கொம்புக்குள் முகத்தை நீட்டிக் கத்திப் பாடவேண்டும். கௌஹர் ஜான் பாடினார். பாட்டு முடிந்ததும் தன் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்வார். பந்தா இல்லை சார், காரணம் இருக்கிறது. பதிவானதெல்லாம் ஜெர்மனியில் இருக்கும் ஹானோவருக்குக் கப்பலில் போய் அங்கே தட்டாக வார்க்கப்பட்டு இங்கே திரும்பி வந்தது. ஹானோவர்க்காரனுக்கு எந்தப் பாட்டு யாருடையது என்று எப்படித் தெரியும்? அதற்குத்தான் அந்த அறிவிப்பு.

இதில் ஒரு வேடிக்கை. அந்தத் தட்டுக்கு உயிரே அரக்குதான். துரியோதனன் பாண்டவர்களுக்குக் கட்டிக் கொடுத்தானே அரக்கு மாளிகை, அதே அரக்கு. புரசு, இலந்தை மாதிரி மரங்களில் ஒட்டிக்கொண்டு வாழும் சின்னப் பூச்சி சுரக்கிற பிசின். இன்றைய ஜார்க்கண்ட், வங்காளக் காடுகளில் ஏழை ஜனங்கள் சுரண்டி எடுத்து விற்ற சரக்கு. அதைச் சுத்தம் செய்து, கல்மாவும் கரித்தூளும் பஞ்சு இழையும் சேர்த்துச் சூட்டில் அழுத்தினால் ரெக்கார்டு. உலகம் முழுக்க பாடிய தட்டுகளுக்கு அரக்கு பெரும்பாலும் நம்ம நாட்டிலிருந்துதான் போனது. 1924-ல் ராஞ்சி பக்கம் நாம்கூமில் அரக்குக்கென்றே ஒரு ஆராய்ச்சி நிலையம் ஆரம்பித்தார்கள் என்றால் எவ்வளவு பெரிய வியாபாரம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சரக்கு பக்கத்தில், துறைமுகமும் பக்கத்தில். அப்புறம் எதற்கு ஹானோவர்? 1908-ல் சியால்டாவில் தொழிற்சாலை வந்தது. 1920களின் கடைசியில் அது தம்தம்முக்கு இடம் மாறிப் பெரிதானது. சென்னையில் பாடிய பாட்டானாலும் நாய் மார்க் தட்டு என்றால் தம்தம்மில் பிறந்து ரயிலேறித்தான் கும்பகோணத்துக்கும் காரைக்குடிக்கும் போனது. தம்தம் ஏர்போர்ட்டில் இறங்கி வீட்டுக்குப் போகும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

கடை என்றால் எப்படிக் கடை?

ஆரம்பத்தில் ரெக்கார்டுக்கென்று தனிக்கடை கிடையாது. சைக்கிள் விற்பவர், கடிகாரம் விற்பவர், வாத்தியம் விற்பவர், எல்லோரும் ஒரு மூலையில் தட்டும் விற்றார்கள். கல்கத்தாவில் எச். போஸ் என்று ஒருவர். தலைக்குத் தேய்க்கும் 'குந்தளீன்' எண்ணெய், சைக்கிள், இவற்றோடு தாகூரின் குரலைப் பதிந்த உருளைகளும் விற்றவர். தட்டுக்கு முன்னால் உருளைதான்.

நம்ம பக்கத்துக் கதை இன்னும் சுவாரசியம். காரைக்குடியில் அப்பா நடத்திய கடையில் கிராமபோன் தட்டு விற்றுப் பழகிய ஒரு இளைஞர், 1930களின் தொடக்கத்தில் கூட்டாளிகளோடு சென்னையில் 'சரஸ்வதி ஸ்டோர்ஸ்' ஆரம்பித்தார். ஓடியன் என்ற ஜெர்மன் கம்பெனிக்காகத் தமிழ்ப் பாட்டுகளைப் பதிந்து விற்றார்கள். அந்த இளைஞர் ஏ.வி. மெய்யப்பச் செட்டியார். 1935-ல் அவர் எடுத்த முதல் படமான 'அல்லி அர்ஜுனா' படமாக்கப்பட்டது எங்கே தெரியுமா? இதே கல்கத்தாவில்! படம் ஊத்திக்கொண்டது, அது வேறு விஷயம். பின்னாளில் பாரதி பாடல்களின் ஒலிப்பதிவு உரிமையும் அவர் கைக்கு வந்து, அவரிடமிருந்து 1949-ல் அரசாங்கத்துக்குப் போனது. ஏவி.எம். என்ற சாம்ராஜ்யத்துக்கு அஸ்திவாரம் ஒரு ரெக்கார்டு கடை என்பதை எத்தனை பேர் நினைத்துப் பார்க்கிறோம்?

10 அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 3 நிமிஷம்தான். மணிக்கணக்கில் ஆலாபனை செய்த வித்வான்கள் 3 நிமிஷத்துக்குள் ராகம், பாட்டு, ஸ்வரம் எல்லாவற்றையும் மடித்து வைத்தார்கள். கேட்பவருக்கும் சும்மா இல்லை. பெட்டிக்குக் கீ கொடுக்க வேண்டும், பக்கத்துக்கு ஒரு ஊசி மாற்ற வேண்டும். தட்டோடு ஊசி டப்பாவும் கடையில்தான் வாங்கவேண்டும். வாங்கும் முன் கடைக்காரர் போட்டுக் காட்டுவார். எதிர்வாடையில் நிற்பவருக்கும் இலவசக் கச்சேரி.

நம்ம ஊர்க் கடைகளை வாழவைத்ததில் மைக் செட்காரர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. வீட்டுக்காரர் வருஷத்துக்கு நாலு தட்டு வாங்கினால் பெரிது. சவுண்டு சர்வீஸ்காரர் புதுப்படம் ஒன்றைக்கூட விடமுடியாது. 'திருவிளையாடல்' கதை வசனத் தட்டு இல்லாதவருக்குத் திருவிழா ஆர்டர் கிடைக்குமா?

டவுன்ஹால் ரோட்டில் இரண்டு கோடை விடுமுறை

1980களின் நடுவில், கல்லூரி விடுமுறையில் மதுரை டவுன்ஹால் ரோடு பக்கம் ஒரு ரெக்கார்டிங் சென்டரில் வேலை பார்த்தேன். இன்றைய பிள்ளைகளுக்கு இது புரியாது. என் பையனுக்கு விளக்க அரை மணி நேரம் ஆச்சு :-)

நீங்கள் ஒரு பேப்பரில் பிடித்த பாட்டெல்லாம் எழுதிக்கொண்டு வருவீர்கள். நாங்கள் எல்பி தட்டிலிருந்து காசெட்டில் ஏற்றிக் கொடுப்போம். 60 நிமிஷ காசெட் என்றால் பக்கத்துக்கு 30 நிமிஷம். ஆறோ ஏழோ பாட்டு பிடிக்கும். ஏழாவது பாட்டு நாலரை நிமிஷம், மிச்சம் இருக்கும் டேப் நாலு நிமிஷம் என்றால் என்ன செய்வது? எது எந்தப் பக்கம் போகும் என்று முதலிலேயே கூட்டிப் பார்த்து மாற்றி அடுக்குவதுதான் என் வேலை. அக்கவுண்டன்சி பரிட்சைக்குக்கூட நான் அவ்வளவு கணக்குப் போட்டதில்லை.

முதலாளி அண்ணாச்சிக்குப் பள்ளிப் படிப்பு குறைவு. ஆனால் வாடிக்கையாளர் இரண்டு சொல்லை முனகினால் போதும், படம், பாடியவர், இசை, தட்டு எந்த அடுக்கில், எல்லாம் சொல்லிவிடுவார். ஒரு நாள் ஒரு பெரியவர் வந்தார். தன் சம்சாரம் பாடிக்கொண்டிருந்த ஒரு பாட்டு வேண்டும், சம்சாரம் இப்போது இல்லை, பாட்டின் முதல் அடி தெரியாது என்றார். மெட்டை மட்டும் தயங்கித் தயங்கி இழுத்தார். அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். உள்ளே போய் ஒரு பழைய 78 தட்டைக் கொண்டுவந்து முள்ளை வைத்தார். பெரியவர் கல்லாப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு அவரிடம் காசு வாங்கவில்லை.

நாங்கள் செய்தது சட்டப்படி சரியில்லைதான். எந்தக் கம்பெனிக்கும் ஒரு பைசா போனதில்லை. ஆனால் தமிழ்நாடு முழுக்க தெருவுக்கு ஒரு கடை இப்படித்தான் இருந்தது. கம்பெனிகள் மறுபடி வெளியிடாத பாட்டை இந்தக் கடைகள்தான் உயிரோடு வைத்திருந்தன.

ஃப்ரீ ஸ்கூல் ஸ்ட்ரீட்

இந்தத் தெருவுக்கு 1969-லேயே மிர்ஸா காலிப் பெயரை வைத்துவிட்டார்கள். டாக்ஸிக்காரரிடம் பழைய பெயர்தான் இன்னும் செல்லுபடியாகும். பழைய புத்தகம், பழைய ரெக்கார்டு இரண்டுக்கும் பேர்போன இடம். கால்முட்டி மடக்கித் தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு உறையாகத் தள்ளித் தள்ளிப் பார்க்க வேண்டும். விரல் நுனியெல்லாம் கரி. ரவிசங்கர், ஹேமந்த முகர்ஜி, பீட்டில்ஸ் என்று போய்க்கொண்டே இருக்கும்போது, ஒரு நாள் கே.பி. சுந்தராம்பாள்!

உறையில் கும்பகோணத்துக் கடை ஒன்றின் ரப்பர் ஸ்டாம்ப். தம்தம்மில் பிறந்து, கும்பகோணம் போய் விலைபோய், அங்கிருந்து யாரோ ஒரு குடும்பத்தின் ட்ரங்குப் பெட்டியில் இங்கே திரும்பி வந்திருக்க வேண்டும். லேக் மார்க்கெட் பக்கம் ஒரு காலத்தில் நம்மவர்கள் எவ்வளவு பேர் இருந்தார்கள் என்பது பழையவர்களுக்குத் தெரியும். பெரியவர்கள் காலமாகி, பிள்ளைகள் பெங்களூருக்கும் அமெரிக்காவுக்கும் போய், வீடு காலியாகும்போது எடைக்குப் போட்டிருப்பார்கள். கடைக்காரருக்குத் தமிழ் தெரியாது. லேபிளைப் பார்த்து 'மதராஸி கானா' என்று தனியே ஒதுக்கி வைத்திருந்தார். அந்த ஒதுக்கி வைத்தலுக்கு நான் அவருக்குக் கடன்பட்டிருக்கிறேன்.

கடைகள் மூடிய காலம்

காசெட் வந்து தட்டை விரட்டியது. சிடி வந்து காசெட்டை விரட்டியது. எம்பி3 வந்து எல்லாரையும் விரட்டியது. 1997-ல் பார்க் ஸ்ட்ரீட்டில் கோலாகலமாகத் திறந்த மியூசிக் வேர்ல்டு 2013-ல் மூடப்பட்டது. பம்பாய் காலா கோடாவில், கண்ணாடி அறைக்குள் நின்று பாட்டுக் கேட்டு வாங்க வைத்த ரிதம் ஹவுஸ் 2016-ல் மூடியது. தம்தம் கம்பெனி 2000-ல் சரிகம என்று பெயர் மாற்றிக்கொண்டது. 2017-ல் அவர்கள் விட்ட 'கார்வான்' பெட்டியை உங்களில் பாதிப் பேர் அப்பா அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்திருப்பீர்கள். நானும்தான்.

பாட்டு கிடைக்கிறதே, கடை போனால் என்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் கிடைப்பது, யாரோ தட்டைக் காப்பாற்றிக் கணினியில் ஏற்றிய பாட்டு மட்டும்தான். அரக்குத் தட்டு கை தவறினால் உடையும். போதாக்குறைக்கு, பழைய தட்டை அரைத்துப் புதுத்தட்டு வார்க்கவும் முடியும். இரண்டாம் உலகப் போரில், 1942-ல் அமெரிக்க அரசாங்கம் ரெக்கார்டுக்கு அரக்கு உபயோகிப்பதை 70 சதவீதம் வெட்டியபோது, பழைய தட்டுகளைத் திரும்ப வாங்கி அரைத்தார்கள். எத்தனை குரல்கள் அப்படிப் பொடியாகின என்பதற்குக் கணக்கே கிடையாது.

மிஞ்சியதைக் காப்பாற்றியவர்கள் பெரும்பாலும் தனிமனிதர்கள். சென்னையில் வி.ஏ.கே. ரங்காராவ் ஆயுள் முழுக்கத் தட்டுகளைச் சேர்த்தவர். பம்பாயில் 1990-ல் இந்திய ரெக்கார்டு சேகரிப்போர் சங்கம் உருவானது. அந்தச் சங்கத்தின் சுரேஷ் சாந்த்வன்கரின் முயற்சியில், 1935 முதல் 1955 வரை பம்பாயில் இயங்கிய 'யங் இந்தியா' கம்பெனியின் தட்டுகள் பிரிட்டிஷ் நூலகத் திட்டம் ஒன்றின் கீழ் கணினிக்கு ஏறின. இவர்களுக்கெல்லாம் தட்டு எங்கிருந்து வந்தது? பழைய சாமான் கடையிலிருந்தும் வீட்டுப் பரணிலிருந்தும்தான்.

ஊர் வீட்டைக் காலி செய்யும்போது

விஷயத்துக்கு வருகிறேன். வெளியூரில் இருக்கும் நம்மில் பல பேருக்கு இப்போது அந்தக் கட்டம். ஊர் வீட்டை விற்கவோ இடிக்கவோ வேண்டும். கையில் இருப்பது நாலு நாள் லீவு. பரணில் இருப்பதையெல்லாம் மொத்தமாகக் காயலான் கடைக்காரரிடம் தள்ளிவிட்டு ஃப்ளைட் பிடிக்கிறோம். அந்தச் சாக்குமூட்டைக்குள் என்ன போகிறது என்று ஒரு நிமிஷம் பாருங்கள்.

தட்டு இருந்தால், பாயாக ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல் புத்தகம் மாதிரி நிறுத்தி வையுங்கள். வெயில் படக்கூடாது. சுத்தம் செய்கிறேன் என்று ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிடாதீர்கள், அரக்கு கரைந்துவிடும். எல்பிக்கு உள்ள முள்ளை 78 தட்டில் வைக்காதீர்கள், அதன் பள்ளம் அகலமானது, முள்ளே வேறு. முதல் காரியமாக, லேபிளைச் செல்போனில் தெளிவாக ஒரு படம் எடுங்கள். எண், பாடியவர், பாட்டு, எல்லாம் அதில் இருக்கிறது. சேகரிப்பவர்கள் இருக்கிறார்கள், கேட்டால் ஓடி வருவார்கள். நம் சட்டப்படி ஒலிப்பதிவுக்கான உரிமை, வெளியான வருஷத்துக்குப் பிறகு 60 வருஷம்தான். கிட்டப்பா காலத்துத் தட்டின் மேல் அந்த உரிமை எப்போதோ முடிந்துவிட்டது.

அண்ணாச்சியும் இல்லை, அவர் கடையும் இல்லை. ஒதுக்கி வைக்கும் வேலையை இப்போது நாம்தான் பார்க்க வேண்டும்.

உங்கள் வீட்டுப் பரணில் என்ன இருக்கிறது? அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஏறிப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.