பிரசவ அறையின் கதை – 9: வெயில் படாத எலும்பு

லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரி 1916 பிப்ரவரி 7 அன்று தில்லியில் திறக்கப்பட்ட நிகழ்ச்சியே இந்த வாரத்துக்குரிய பொருள் என்று சென்ற இதழின் முடிவில் அறிவிக்கப்பட்டிருந்தது. கல்கத்தாவிலிருந்து தலைநகர் மாறியது, 1912 டிசம்பரில் சாந்தினி சவுக்கில் யானைமீது ஊர்வலம் வந்த வைஸ்ராய் ஹார்டிங்மீது குண்டு வீசப்பட்டது, அம்பாரியில் உடன் அமர்ந்திருந்த அவர் மனைவி காயமின்றித் தப்பியது, அந்த அம்மையாரே 1914 மார்ச்சில் கல்லூரிக்கு அடிக்கல் நாட்டிவிட்டு நான்கு மாதம் நிறையுமுன் காலமானது ஆகியவை வாசகர்கள் நன்கறிந்த செய்திகள் என்பதால் அவற்றை மறுபடி சொல்லத் தேவையில்லை. ஆயினும், பெண்களுக்குப் பெண்களே அறுவை செய்ய வேண்டும் என்ற நெருக்கடி தில்லியில் ஏன் அவ்வளவு கடுமையாக எழுந்தது என்பதை விளக்காமல் திறப்பு விழாவுக்குச் செல்வது, நோயைச் சொல்லாமல் மருந்துச்சீட்டை மட்டும் வாசிப்பதாகிவிடும். அந்த விளக்கமோ எலும்பிலிருந்து தொடங்குகிறது.

மூன்று பக்கமும் நெருக்கும் வாசல்

குழந்தை வெளிவரும் வழி, இடுப்புக்கூட்டின் எலும்பு வளையத்தைக் கடந்துதான் செல்கிறது. அந்த வளையத்தின் மேல்வாசல் முன்னிருந்து பின்னாகச் சுமார் 11 சென்டிமீட்டர் இருக்க, நிறைமாதக் குழந்தையின் தலை பக்கவாட்டில் சுமார் 9.5 சென்டிமீட்டர் இருப்பதால், இயல்பான பெண்ணுக்கே கிடைக்கும் சலுகை மிகச் சிறிது. இந்த அளவை அறிய எக்ஸ்ரே வருவதற்கு முன் மருத்துவர்களிடம் இருந்த கருவி சொந்தக் கைதான். இரு விரல்களை உள்ளே செலுத்தி, முதுகுத்தண்டின் அடியில் முன்னோக்கித் துருத்தி நிற்கும் எலும்பு விளிம்பைத் தொட முயல்வார்கள். நடுவிரல் நுனி அதைத் தொட்டுவிட்டால், முன்பக்கத்து எலும்பின் கீழ்விளிம்பு கையில் எந்த இடத்தில் படுகிறதோ அங்கே மறு கை நகத்தால் அடையாளமிட்டு, கையை வெளியே எடுத்து அளவுகோலில் வைத்துப் பார்த்து, அதிலிருந்து ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டரைக் கழிப்பார்கள். விரல் எளிதில் எட்டவில்லையென்றால் நல்ல செய்தி. எட்டியது என்றால் அந்த இரவு நீளப்போகிறது என்று பொருள்.

வட இந்தியாவின் திரைமறைவுப் பெண்கள் பலருக்கு விரல் எளிதாகவே எட்டியது. அவர்களைப் பீடித்திருந்த நோய் ஆஸ்டியோமலேசியா, அதாவது வளர்ந்த பெண்ணின் எலும்பில் சுண்ணாம்புச்சத்து குன்றி அது மெழுகுபோல் இளகும் எலும்பு மென்மை நோய் (தமிழில் எலும்புருக்கி என்று வழங்குவது காசநோயை, இது வேறு). மேலிருந்து முதுகுத்தண்டு உடலின் பாரத்தை இறக்குகிறது, இரு பக்கங்களிலிருந்தும் தொடையெலும்புகள் எதிர்த்து உந்துகின்றன. எலும்பு உறுதியாக இருக்கும்வரை வளையம் வட்டமாகத் தாங்கி நிற்கிறது, இளகியதும் மூன்று பக்கமும் உள்ளே மடிந்து, முன்பக்க எலும்புகள் பறவையின் அலகுபோல் நீண்டுவிட, வட்டமாக இருந்த வாசல் மூன்று கவடுள்ள சந்துபோல் ஆகிவிடுகிறது. நோயின் வெளி அடையாளங்களாக இடுப்பிலும் தொடையிலும் ஓயாத வலியும், இரு பக்கமும் சாய்ந்து சாய்ந்து நடக்கும் வாத்து நடையும், உயரம் குறைவதும் இருந்தன. வலியை வீட்டார் வாதம் என்று எண்ணி எண்ணெய் தேய்த்தார்கள்.

இந்த நோயின் கொடிய குணம், அது ஒவ்வொரு கர்ப்பத்திலும் ஒரு படி முன்னேறுவது. கருவிலிருக்கும் குழந்தையும் பால் குடிக்கும் குழந்தையும் தாயின் எலும்பிலிருந்தே சுண்ணாம்பை எடுத்துக்கொள்வதால், முதல் பிரசவம் சுகப்பிரசவமாகவும், இரண்டாவது சற்றே நீண்டதாகவும், மூன்றாவதோ நான்காவதோ முற்றிலும் அடைபட்டதாகவும் முடிந்தது. தில்லியின் தாயிகள், அதாவது பரம்பரை மருத்துவச்சிகள், முன்னிரு குழந்தைகளை இதே கையால் எடுத்தவர்கள் என்பதால், இதையும் எடுத்துவிடலாம் என்று நாள்கணக்கில் காத்திருந்ததை முழு அறியாமை என்று தள்ளிவிட முடியாது. காதரின் மேயோ 1927-இல் வெளியிட்ட ‘மதர் இந்தியா’ நூல் தாயியையே இக்கதையின் வில்லியாக்கியது. கழுவாத கையால் அவர் கொண்டுவந்த காய்ச்சலுக்கு அவர் பொறுப்பாளிதான் என்றாலும், அடைபட்ட எலும்புக்கு அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது அநியாயம்.

அறுக்காமல் எடுத்த காலம்

அடைபட்ட பிரசவத்தில் கருப்பை மேன்மேலும் இறுகித் தன் கீழ்ப்பகுதியைக் காகிதம்போல் இழுத்து, இறுதியில் கிழிந்துபோகும். அதிலிருந்து தப்பினால், குழந்தையின் தலைக்கும் முன்பக்க எலும்புக்கும் நடுவே நாள்கணக்கில் நசுங்கிய சிறுநீர்ப்பையின் சுவர் செத்து, சில நாள் கழித்து உதிர்ந்து, அந்தத் துளை வழியே சிறுநீர் வாழ்நாள் முழுதும் கசியும். புரைவழி எனப்படும் இந்தத் துளையை வெள்ளிக் கம்பியால் தைக்கும் முறையை 1840-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் அலபாமாவில் வகுத்த ஜே. மேரியன் சிம்ஸ், அதை அடிமைப் பெண்கள்மீது மயக்கமருந்தின்றித் திரும்பத் திரும்பச் செய்து கற்றவர் என்பதால், அவரை வரலாறு வீரராக ஏற்க வேண்டுமா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. இத்தொடரின் தீர்ப்பு, அவருடைய தையலுக்கு ஆதரவாகவும் அவருக்கு எதிராகவும் உள்ளது.

தாயைக் காப்பாற்ற மருத்துவர்களுக்கு இருந்த பழைய வழி, உள்ளேயே இறந்துவிட்ட அல்லது இறக்கப்போகிற குழந்தையின் தலையைத் துளைத்துச் சுருக்கி வெளியே இழுப்பது. மூடகர்ப்பம் என்ற தலைப்பில் சுசுருத சங்கிதை விவரிப்பதும், ஐரோப்பிய மருத்துவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை செய்ததும், கருவிகளின் பெயர் தவிர, ஏறக்குறைய ஒன்றே. வயிற்றை அறுத்து எடுக்கும் சிசேரியன் அறியப்பட்டிருந்தும் அதை எவரும் விரும்பாததற்குக் காரணம் எளியது: அறுத்த கருப்பையை மருத்துவர்கள் தைக்காமல் விட்டார்கள். தசை தானே சுருங்கி வாயை மூடிக்கொள்ளும், உள்ளே புதைந்த நூலோ சீழ் பிடிக்கும் என்று அவர்கள் நம்பியதால், பெண்கள் இரத்தப்போக்கிலும் சீழ்க் காய்ச்சலிலும் மடிந்தார்கள்.

பவியாவும் கிளாஸ்கோவும்

இத்தாலியின் பவியா நகரில் 1876 மே 21 அன்று எதுவார்தோ போர்ரோ இந்த நம்பிக்கையை வேறு முனையிலிருந்து உடைத்தார். எலும்பு நோயால் இடுப்பு குறுகிய 25 வயதுப் பெண்ணின் வயிற்றை அறுத்துக் குழந்தையை எடுத்தபின், இரத்தம் பெருகும் கருப்பையைத் தைப்பதா விடுவதா என்ற கேள்விக்கே இடம் வைக்காமல், அதைச் சினைப்பையோடு சேர்த்து வெட்டி எறிந்து, எஞ்சிய அடிக்கட்டையைக் கம்பியால் இறுக்கி வயிற்றுக் காயத்தின் வழியே வெளியே நிறுத்தினார். தாயும் பிழைத்தார், குழந்தையும் பிழைத்தது. அது கொடூரமான தீர்வு. அதற்குமுன் கிடைத்ததைவிட மிகக் கருணையானதும்கூட. ஆறு ஆண்டுகள் கழித்து, 1882-இல், லைப்சிக் நகரில் மாக்ஸ் சேங்கர் என்ற இளம் மருத்துவர், வெள்ளிக் கம்பியாலும் பட்டு நூலாலும் கருப்பையின் சுவரை அடுக்கடுக்காகத் தைத்தால் அதை வெட்டி எறிய வேண்டியதில்லை என்று காட்டினார். பிரசவ அறுவையின் வரலாற்றில் உண்மையான வீரர் யார் என்று கேட்டால், துணிந்து வெட்டிய போர்ரோவைவிடப் பொறுமையாகத் தைத்த சேங்கருக்கே மாலை விழ வேண்டும்.

இக்கதையில் தில்லியின் உண்மையான இரட்டை நகரம் கிளாஸ்கோ. ஆலைப் புகை வானத்தை மூடிய அந்த ஸ்காட்லாந்து நகரின் அடுக்குக் குடியிருப்புகளில் பெண்குழந்தைகள் வெயிலின்றி வளர்ந்து, ரிக்கெட்ஸ் எனப்படும் எலும்பு வளைவு நோயால் நான்கடி உயரத்தில் நின்றுபோய், அதே குறுகிய இடுப்போடு பிரசவ மருத்துவமனைக்கு வந்தார்கள். அங்கே மர்டாக் கேமரன் 1888 ஏப்ரலில் அப்படிப்பட்ட 27 வயதுப் பெண்ணுக்குச் சிசேரியன் செய்து இரு உயிரையும் காத்ததும், அந்தப் பிள்ளைக்குச் சீசர் கேமரன் என்று பெயரிடப்பட்டதும், பிரிட்டன் முழுதும் அந்த அறுவைமேல் நம்பிக்கை வரக் காரணமாயின. அதே நகரின் மன்ரோ கெர், கருப்பையின் தடித்த மேல்பகுதியை நெடுக்காக அறுக்கும் பழைய வழக்கத்தை விட்டு, சிறுநீர்ப்பையைக் கீழே ஒதுக்கி, அதன்பின் மறைந்திருக்கும் மெல்லிய கீழ்ப்பகுதியைக் குறுக்காக அறுக்கும் முறையை 1920-களில் வலியுறுத்தினார். மேல்பகுதித் தசை பிரசவத்துக்குப்பின் சுருங்கி விரிந்து தையலைத் தளர்த்தும், கீழ்ப்பகுதி அமைதியாக ஆறும். மேல் வெட்டிலிருந்து கிருமி வயிற்றறைக்குள் கொட்டும், கீழ் வெட்டையோ சிறுநீர்ப்பைமேல் உள்ள சவ்வு போர்த்தி மூடிவிடும். தில்லி போன்ற நகரத்துக்கு இந்த இரண்டாவது வேறுபாடே உயிர்நாடி. மூன்று நாள் வலிக்குப்பின், பலர் கை பட்டபின், திரைபோட்ட டோலியில் வந்திறங்கும் பெண்ணின் கருப்பையில் கிருமி முன்பே குடியேறியிருக்கும், பென்சிலினோ 1940-களில்தான் வரவிருந்தது. இன்று எந்தத் தாலுகா மருத்துவமனையிலும் செய்யப்படும் சிசேரியன், பெரும்பாலும், மன்ரோ கெரின் குறுக்கு வெட்டுதான்.

வெட்டியவரும் கேட்டவரும்

இந்த வரலாற்றுக்கு ஒரு வில்லன் தேவையென்றால், ஹெர்மன் ஃபெலிங் என்ற மருத்துவர் அந்த வேடத்துக்கு நெருங்கி வருகிறார். போர்ரோ முறையில் அறுவை செய்யப்பட்ட எலும்பு மென்மை நோயாளிகள் பின்னர் வலி நீங்கி நடப்பதைக் கவனித்த அவர், 1887-இல், அந்த நோய்க்கே காரணம் சினைப்பைதான் என்று முடிவுகட்டி, அதை வெட்டி எடுப்பதையே சிகிச்சையாக முன்வைத்தார். ஐரோப்பாவில் பல பெண்கள் அதற்காகச் சினைப்பையை இழந்தார்கள். அவர்கள் தேறியதற்குக் காரணம், இனி கருவுற மாட்டார்கள், பாலூட்ட மாட்டார்கள், எலும்பிலிருந்து சுண்ணாம்பு களவு போகாது என்பதாகவே பெரிதும் இருந்திருக்க வேண்டும். திருடன் புகாதிருக்க வீட்டையே இடிப்பது ஒரு காவல்முறைதான்.

சரியான கேள்வியைக் கேட்டவர்கள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு வீட்டைப் பார்த்தவர்கள். ஜப்பானில் பணியாற்றித் திரும்பிய மிஷன் மருத்துவர் தியோபால்டு பாம், ஆசிய நாடுகளிலுள்ள மருத்துவ நண்பர்களின் கடிதங்களைத் திரட்டி, ரிக்கெட்ஸ் பரவுவதும் வெயில் கிடைக்காததும் ஒரே வரைபடத்தில் பொருந்துவதை 1890-இலேயே எழுதினார், எவரும் செவிசாய்க்கவில்லை. இந்தியாவில் அந்தக் கேள்வியைக் கையிலெடுத்தவர்களில் பலர் பெண் மருத்துவர்கள். ஏனெனில் கோஷா எனப்படும் திரைமறைவில் வாழ்ந்த பெண்ணின் வீட்டுக்குள் செல்ல அவர்களுக்கு மட்டுமே வழி இருந்தது. (கோஷா என்ற சொல் தமிழ் வாசகருக்கு மேரி ஷார்லீப் 1885-இல் தொடங்கிய திருவல்லிக்கேணி மருத்துவமனையால் பழக்கம்.) அவர்கள் பழைய தில்லியின் சந்துகளில் கண்டது, உயர்ந்த சுவர்களுக்கு நடுவே கிணறுபோன்ற முற்றமும், அதில் நண்பகலில் சிறிது நேரம் மட்டுமே இறங்கும் வெயிலும், பருவம் எய்தியபின் தலையை வெளியே காட்டாத பெண்களுமாகும். வயலில் வேலை செய்த ஏழைப் பெண்ணின் எலும்பு உறுதியாக இருக்க, கௌரவமான குடும்பத்துப் பெண்ணின் எலும்பு இளகியது. அதாவது, இந்த நோய்க்கு வறுமையைவிட மரியாதையே பெரிய காரணம்.

அந்தப் பெண் மருத்துவர்களில் ஒருவரான ஆக்னஸ் ஸ்காட், இந்தியாவின் எலும்பு மென்மை நோயைப் பற்றிய தம் ஆய்வை இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் 1916-இல் வெளியிட்டார். பெர்லினில் குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி புற ஊதா விளக்கொளியில் ரிக்கெட்ஸ் குழந்தைகளைக் குணப்படுத்தியதும், லண்டனில் எட்வர்டு மெலன்பி வீட்டுக்குள் அடைத்த நாய்க்குட்டிகளின் எலும்பை மீன் எண்ணெய்யால் காத்ததும் 1919-இல் நிகழ, அமெரிக்காவின் மெக்காலம் 1922-இல் அந்தப் பொருளுக்கு வைட்டமின் டி என்று பெயரிட்டார். அதே 1922-இல் நாசிக் நகரில் ஹட்சிசனும் ஷாவும் வசதியான பர்தா குடும்பங்களில் ரிக்கெட்ஸ் மிகுந்திருப்பதைக் காட்டினார்கள். கிரேஸ் ஸ்டேபிள்டன் 1925-இல் தில்லியின் பெண்களைப் பற்றியே ‘லான்செட்’ இதழில் எழுதினார். காஷ்மீரில் பணியாற்றிய கேத்லீன் வாகன் 1928-இல் பர்தாவையும் தாய்மையையும் இணைத்துத் தனி நூலே வெளியிட்டார். இந்தப் பெண்மணிகளின் எழுத்தில் பேரரசின் தொனியும், இந்திய வழக்கத்தை மேலிருந்து பார்க்கும் பார்வையும் இல்லாமலில்லை. ஆனாலும் மொட்டைமாடியில் தினமும் சிறிது நேரம் உட்கார்ந்து பெறும் வெயிலையும், ஒரு கரண்டி மீன் எண்ணெய்யையும், சினைப்பை அறுவைக்கு எதிராக நிறுத்தியது அந்தப் பார்வைதான்.

இவ்வளவும் சொல்லி முடித்தபின், திறப்பு விழாவுக்குரிய இடம் இந்த இதழில் தீர்ந்துவிட்டது. கல்லூரி 16 மாணவிகளோடும் முதல்வர் கேட் பிளாட்டோடும் தொடங்கியது என்பதையும், பஞ்சாப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்ததால் இறுதித் தேர்வுக்கு மாணவிகள் லாகூர் செல்ல வேண்டியிருந்தது என்பதையும் மட்டும் இங்கே குறித்துவைக்கலாம். திறப்பு விழாவும் ஸ்காட்டின் கட்டுரையும் ஒரே ஆண்டைச் சேர்ந்தவை. அவற்றுள் எது உண்மையான திருப்புமுனை என்பதில் இத்தொடரின் சார்பு இதற்குள் வெளிப்பட்டிருக்கும். அதற்குப் பின்வந்த காலத்தில் பர்தா பெருமளவு தளர்ந்து, மூன்று கவடாக மடிந்த இடுப்பு மருத்துவப் பாடநூலின் படமாக மட்டும் எஞ்சியது. ஆயினும் 2000-ஆம் ஆண்டில் எய்ம்ஸ் ஆய்வாளர்கள் தில்லியின் நலமான மனிதர்களின் இரத்தத்தைச் சோதித்தபோது, வைட்டமின் டி குறைவு அவர்களிடையே பரவலாக இருப்பதைக் கண்டார்கள். சுவருக்குப் பதில் அலுவலக அறையும் புகைமூட்டமும் வந்திருக்கின்றன, எலும்புக்கு அந்த வேறுபாடு தெரியாது.

அந்த 16 மாணவிகளின் லாகூர்ப் பயணம் அடுத்த இதழில்.

(தொடரும்)